ஓர் அங்குல உயரத்தில் கோரேகான்

"பொம்மைச் சிப்பாய்களை வைத்துக்கொண்டு என்ன விளையாட்டு இது? வேற வேலை இல்லையா?" என்று எங்களிடம் கேட்காத தோழர்கள் குறைவு. நாலைந்து பேர் சேர்ந்து ஞாயிற்றுக்கிழமை மதியங்களில் பிளாஸ்டிக் சிப்பாய்களுக்கு வண்ணம் பூசுகிறோம். தலையை வெட்டி வேறு தலை ஒட்டுகிறோம். பிறகு அவர்களை மேசைமேல் நிறுத்தி, அளவுநாடாவும் பகடையும் வைத்து, நடந்து முடிந்த ஒரு போரை மறுபடி நடத்திப் பார்க்கிறோம். இதில் அரசியல் எங்கே இருக்கிறது என்பது நியாயமான கேள்விதான். மாணவத் தோழர்கள் பலர் தொடர்ந்து கேட்பதால், கொஞ்சம் விரிவாகவே பதில் எழுதுகிறோம்.

இந்தப் பொழுதுபோக்கை ஆங்கிலத்தில் வார்கேமிங் என்பார்கள். பிரஷ்யாவின் ராணுவ அதிகாரிகள் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பயிற்சிக்காக இதை ஆடினார்கள். எழுத்தாளர் எச்.ஜி. வெல்ஸ் 1913இல் 'லிட்டில் வார்ஸ்' என்ற புத்தகத்தில் வீட்டில் ஆடுவதற்கான விதிகளை எழுதினார். பிரிட்டனின் ஏர்ஃபிக்ஸ் நிறுவனம் 1959இல் சின்னஞ்சிறு பிளாஸ்டிக் உருவங்களை விற்கத் தொடங்கியது. அதன்பின் பள்ளிப் பையன்களின் கைச்செலவுக் காசிலேயே ஒரு படை கிடைத்தது. இன்று பரவலாக இருக்கும் அளவுகளில் ஒன்று 72இல் 1 பங்கு. ஆறடி மனிதன் இந்த அளவில் சரியாக ஓர் அங்குலம்.

வாட்டர்லூவுக்குப் பெட்டி பெட்டியாகச் சிப்பாய்கள் கிடைக்கிறார்கள். நெப்போலியனின் மெய்க்காவல் படையின் ஒவ்வொரு பொத்தானுக்கும் என்ன நிறம் என்று சொல்லப் புத்தகங்கள் இருக்கின்றன. வரலாற்றில் யார் விவரமாக எழுதப்பட்டார்களோ அவர்களே பெட்டியிலும் வருகிறார்கள். எழுதப்படாதவர்கள் வேண்டுமென்றால் நாமேதான் செய்துகொள்ள வேண்டும். எங்கள் வேலை தொடங்கியது அங்கேதான். நாங்கள் எடுத்துக்கொண்ட போர், 1818 ஜனவரி 1 அன்று பீமா ஆற்றங்கரையில் நடந்த கோரேகான் போர்.

முதல் தடை வண்ணப் புட்டியிலேயே வந்தது. மாடல் செய்பவர்கள் பல தலைமுறைகளாகப் பயன்படுத்தும் ஹம்ப்ரால் வண்ணங்களில் 61ஆம் எண்ணின் பெயர் 'ஃபிளெஷ்'. அதாவது சதையின் நிறம். திறந்து பார்த்தால் வெளிறிய இளஞ்சிவப்பு. யாருடைய சதை என்று அந்தப் புட்டி சொல்வதில்லை, சொல்லத் தேவையில்லை என்று நினைத்திருக்கிறது. அமெரிக்காவில் கிரேயோலா நிறுவனம் தன் கலர் சாக்பீஸில் இருந்த இதே பெயரை 1962இல் 'பீச்' என்று மாற்றிக்கொண்டது. எங்கள் வீரர்களுக்கான தோலை நாங்களே கலக்கினோம். செம்பழுப்பு, அடர்பழுப்பு, மஞ்சள் காவி, ஒரு சொட்டுக் கறுப்பு. ஒரே கலவையை எல்லோருக்கும் பூசவில்லை. எங்கள் தெருவில் எத்தனை வகைக் கறுப்பு இருக்கிறதோ அத்தனையும் அந்த வரிசையில் இருக்க வேண்டும் என்பது எங்கள் பிடிவாதம்.

உருவத்தை மாற்றுவது பொறுமை கேட்கும் வேலை. எங்களுக்குக் கிடைத்தவை நெப்போலியன் காலத்துப் பிரிட்டிஷ் காலாட்படை உருவங்கள். கம்பெனிச் சிப்பாயும் சிவப்புச் சட்டைதான், குறுக்கே வெள்ளை வார்தான். ஆனால் தலையிலும் காலிலும் வித்தியாசம். வெள்ளைக்காரச் சிப்பாயின் உயரத் தொப்பியின் முன்விளிம்பைச் சீவி எடுத்து, எம்-சீலைப் பிசைந்து மெல்லிய திரியாக உருட்டி, சுற்றிச் சுற்றித் தலைப்பாகை ஆக்கினோம். கெட்டியாவதற்குள் ஈர ஊசியால் மடிப்புகளைக் கீற வேண்டும். பூட்ஸைச் சீவிச் செருப்பாக்கினோம். இந்த வகை மெத்துப் பிளாஸ்டிக்கில் பசை சரியாகப் பிடிக்காது. ஆகவே தலையையோ கையையோ மாற்றும்போது உள்ளே ஒரு துண்டுக் குண்டூசியைச் செருகித்தான் நிறுத்த வேண்டும். முதலில் சோப்புத் தண்ணீரில் கழுவி, ஃபெவிக்காலில் தண்ணீர் கலந்து ஒரு பூச்சு கொடுத்து, அது காய்ந்த பிறகு கறுப்பு அடிப்பூச்சு, அதன்மேல் நிறங்கள். இந்த வரிசை தப்பினால் துப்பாக்கி முனை வளையும்போதெல்லாம் வண்ணம் உரிந்து விழும்.

வண்ணம் காய்ந்த பிறகு கணக்கு வருகிறது. தோழர்கள் கவனிக்க வேண்டிய இடம் இது. மேசையில் எல்லோரையும் நிறுத்த முடியாது. ஓர் உருவம் 20 பேருக்குச் சமம் என்று வைத்துக்கொண்டோம். கேப்டன் ஸ்டாண்டன் தலைமையில் வந்த கம்பெனிப் படை சுமார் 834 பேர். இதில் பம்பாய் காலாட்படையின் முதல் ரெஜிமெண்டைச் சேர்ந்த இரண்டாம் பட்டாளம் சுமார் 500, புனே துணைக் குதிரைப்படை சுமார் 300, இரண்டு பீரங்கிகளோடு மெட்ராஸ் பீரங்கிப் படையின் ஐரோப்பியர் 24 பேர். எங்கள் மேசையில் இது 42 உருவங்கள். பேஷ்வா இரண்டாம் பாஜிராவின் படை சுமார் 28,000 என்று சொல்லப்படுகிறது. அதற்கு 1,400 உருவங்கள் வேண்டும். எங்களிடம் அவ்வளவு பிளாஸ்டிக்கும் இல்லை, ஆயுளும் இல்லை.

ஆனால் போரைப் பற்றிய விவரங்களைப் படித்து மேசைக்குக் கொண்டுவந்தபோது வேறொன்று தெரிந்தது. பேஷ்வாவின் பெரும்படை முழுவதும் ஊருக்குள் பாயவில்லை. அரபுகள், கோசாயிகள், வழக்கமான காலாட்கள் என 300 முதல் 600 பேர் வரை கொண்ட மூன்று அணிகள் தாக்குதலுக்கு அனுப்பப்பட்டன. எங்கள் கணக்கில் அதிகபட்சம் 90 உருவங்கள். ஆக, மண்சுவர் ஊருக்குள்ளே 42க்கு எதிராக 90. சுற்றிலும் வெளியே விடாத குதிரைக்கடல்.

"500 மகர்கள் 28,000 பேரை வென்றார்கள்" என்று நம் மேடைகளிலும் சுவரொட்டிகளிலும் ஒரு வாசகம் உண்டு. அதைச் சொல்லும்போது வரும் சிலிர்ப்பு எங்களுக்கும் தெரியும். ஆனால் அந்த 500 பேரும் மகர்கள் இல்லை. நினைவுத்தூணில் பொறிக்கப்பட்ட, போரில் மாண்டோரின் பெயர்கள் 49. அவற்றில் 22 பெயர்கள் 'நாக்' என்று முடிகின்றன. மகர் வீரர்களின் பெயர்கள் அப்படித்தான் பதிவாயின. மற்றவை மராத்தர், ராஜபுத்திரர், முஸ்லிம், யூதர் எனப் பலருடையவை. எதிரே நின்ற பேஷ்வா படையிலும் ஒரே சாதியார் மட்டும் இல்லை.

இதைச் சொன்னால் நம் பெருமை குறையுமா? எங்களுக்கு அப்படித் தோன்றவில்லை. பேஷ்வா ஆட்சியின் புனேயில் தீண்டத்தகாதவர்கள் என்று ஒதுக்கப்பட்ட ஒரு சமூகத்தின் பெயர்கள், செத்தவர் பட்டியலில் கிட்டத்தட்டப் பாதியாக, அதே மாவட்டத்தில், கல்லில் வெட்டப்பட்டு நிற்கின்றன. இந்த ஒரு செய்தியே போதுமான இடி. இதோடு ஒரு பூஜ்யத்தைக் கூட்டிச் சொன்னால், அந்த ஒரு பூஜ்யத்தைப் பிடித்துக்கொண்டு எதிராளி மொத்தத்தையும் கட்டுக்கதை என்பான். பொய்யான எண்ணை மறுப்பது அவனுக்குச் சுலபம். 22 பெயர்களை மறுக்க அவன் கல்லைத்தான் உடைக்க வேண்டும்.

எங்கள் காலாட்படையில் 25 உருவங்கள். ஒவ்வொன்றின் அடித்தட்டுக்குக் கீழேயும் தூணில் உள்ள பெயர்களை மெல்லிய பேனாவால் எழுதினோம். 24 உருவங்களுக்கு இரண்டிரண்டு, கடைசி உருவத்துக்கு ஒன்று. 49 பெயர்களும் அடங்கின. யார் எந்தச் சாதி என்று பிரித்து நிறுத்தவில்லை. சிவப்புச் சட்டையில் அது தெரியாது. தலைகீழாகத் திருப்பி வாசித்தால்தான் தெரியும்.

அடுத்தது விதிப்புத்தகம். வார்கேமிங் விதிகள் பலவற்றில் ஒவ்வொரு படைக்கும் ஒரு தரம் கொடுப்பார்கள். புதியவர், பயிற்சி பெற்றவர், அனுபவசாலி, தேர்ந்தவர் என்று. தரம் குறைந்தால் பகடையில் அதிக எண் விழ வேண்டும், இல்லாவிட்டால் படை ஓடிவிடும். இந்தத் தரத்தை யார் முடிவு செய்கிறார்கள்? பிரிட்டிஷ் ராணுவமே 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் 'போர்க்குணம் உள்ள இனங்கள்' என்று ஒரு பட்டியலைக் கட்டியது. பட்டியலுக்கு வெளியே தள்ளப்பட்ட மகர்களைப் படையில் சேர்ப்பது 1890களின் தொடக்கத்தில் நிறுத்தப்பட்டது. கோரேகானில் செத்தவர்களின் பேரப்பிள்ளைகளிடம், உனக்கு வீரம் இல்லை என்று அதே ராணுவம் சொன்னது. அதை எதிர்த்து 1894இல் மனு எழுதிய கோபால் பாபா வலங்கரும் ஒரு முன்னாள் ராணுவத்தினர்தான். சுபேதார் ராம்ஜியின் மகனான அண்ணல் அம்பேத்கருக்கு இது வீட்டுக் கதை. 1941இல்தான் மகர் ரெஜிமெண்ட் நிலையாக அமைந்தது.

ஆகவே எங்கள் மேசையில் பிறப்பை வைத்துத் தரம் இல்லை. அன்று செய்ததை வைத்துத்தான். அவர்கள் முந்தைய இரவு சிரூரிலிருந்து புறப்பட்டு 25 மைல் நடந்து வந்தவர்கள். தூக்கம் இல்லை, சோறு இல்லை. ஆற்றுக்குப் போகும் வழி அடைபட்டதால் பகல் முழுக்கத் தண்ணீர் இல்லை. பீரங்கி அதிகாரி சிஷோமின் தலை துண்டிக்கப்பட்டது. ஒரு பீரங்கி பறிபோய்த் திரும்பப் பிடிக்கப்பட்டது. தாகத்துக்கு எங்களிடம் இருந்த விதிப்புத்தகத்தில் விதி இல்லை. நாங்களே எழுதினோம். மணிக்கு ஒருமுறை பகடையிலிருந்து ஒரு புள்ளி குறையும். ஆற்றைத் தொட்டால்தான் அது திரும்பி வரும். இந்த விதியோடு ஆடிப் பாருங்கள். மாலை ஆகும்போது கம்பெனிப் படையை ஆடுபவருக்கு எதிரியைவிட அந்த நீல வண்ணம் பூசிய அட்டை ஆறுதான் பெரிதாகத் தெரியும். ஆறு கண்ணெதிரே இருந்தும் தொட முடியாத நிலை நம் ஆட்களுக்குப் புதிதா என்ன? 1927இல் ஜனவரி 1 அன்று கோரேகான் தூணுக்குச் சென்ற அம்பேத்கர், அதே ஆண்டு மார்ச்சில் மகாத் சவுதார் குளத்தில் இறங்கித் தண்ணீர் குடித்தார்.

பெட்டியில் வராத இன்னொரு கூட்டமும் உண்டு. கம்பெனிப் படைகள் நகரும்போது சிப்பாய்களைவிட அதிகமாகப் பின்னால் நடந்தவர்கள் அவர்கள். தண்ணீர் சுமப்பவர், புல் வெட்டுபவர், டோலி தூக்குபவர், குப்பை அள்ளுபவர், பீரங்கி இழுப்பவர், பிள்ளையை இடுப்பில் வைத்த பெண்கள். நாங்கள் வாங்கிய எந்தப் பெட்டியிலும் இவர்களில் ஒருவர்கூட இல்லை. மிஞ்சிய கை கால்களிலிருந்தும் எம்-சீலிலிருந்தும் 11 பேரைச் செய்தோம். விளையாட்டில் இவர்களுக்குச் சுடும் வலிமை பூஜ்யம். ஆனாலும் மேசையில் இருக்கிறார்கள், இருப்பார்கள்.

ஒரு கேள்வியை நாங்கள் ஒதுக்கிவிட முடியாது. அந்தச் சிவப்புச் சட்டை யாருடையது? கம்பெனியுடையது. நாட்டைக் கொள்ளையடித்த கம்பெனியின் வெற்றியை நாம் கொண்டாடுகிறோமா? தூணை எழுப்பியதும் அவர்கள்தான், தங்கள் பெருமைக்காக. அம்பேத்கரே இதற்கு வழி காட்டியிருக்கிறார். 1930இல் லண்டன் வட்டமேசை மாநாட்டில், உங்கள் ஆட்சிக்கு முன்னும் எங்களுக்குக் கிணறு இல்லை, கோயில் இல்லை, படையில் இடம் இல்லை, இப்போது இருக்கிறதா என்ற பொருளில் அவர் பிரிட்டிஷாரின் முகத்துக்கு நேரே கேட்டார். நாம் வணங்குவது சட்டையின் நிறத்தை அல்ல. சட்டைக்குள் இருந்தவனை. அவனுக்குப் பேஷ்வாவும் கடன்பட்டிருந்தான், கம்பெனியும் கடன்பட்டது, இரண்டுமே அடைக்கப்படவில்லை.

நம் ஊருக்கும் இதில் பாக்கி உண்டு. மெட்ராஸ் ராணுவத்திலும், இன்றைக்கும் 'தம்பி' என்று அழைக்கப்படும் மெட்ராஸ் சாப்பர்ஸிலும் பறையர் சமூகத்தினர் பெருமளவில் பணியாற்றியிருக்கிறார்கள். பாதை வெட்டியவர்கள், பாலம் கட்டியவர்கள், சுரங்கம் தோண்டியவர்கள். அடுத்து மேசைக்கு வரப்போவது இவர்கள்தான். துப்பாக்கியைச் சீவி எடுத்துவிட்டு கையில் மண்வெட்டி வைக்க வேண்டும்.

2018இல், போரின் 200ஆம் ஆண்டில், கோரேகானில் கூடிய மக்கள் தாக்கப்பட்டார்கள். அதைத் தொடர்ந்த வழக்கில் எழுத்தாளர்களும் வழக்கறிஞர்களும் ஆண்டுக்கணக்கில் சிறையில் கிடந்தார்கள். திருச்சி மாவட்டத்தில் பிறந்த ஸ்டேன் சுவாமி 2021இல் காவலில் இருந்தபடியே உயிர்விட்டார். ஒரு நாள் போரை நினைவுகூர்வதற்கு இவ்வளவு விலை கேட்கிறார்கள் என்றால், அந்த நினைவை நாம் எவ்வளவு துல்லியமாக வைத்திருக்க வேண்டும் என்று யோசியுங்கள்.

மாணவத் தோழர்களுக்கு நாங்கள் சொல்வது இதுதான். எல்லோரும் பொம்மை செய்யுங்கள் என்று கேட்கவில்லை. உங்கள் ஊரின் ஒரு போராட்டத்தை எடுங்கள். யார் எங்கே நின்றார்கள், எத்தனை பேர், எந்தப் பக்கம் கிணறு, எந்தப் பக்கம் சேரி, போலீஸ் வண்டி எந்த வழியாக வந்தது என்று ஓர் அட்டையில் வரைந்து, தீக்குச்சிகளை வைத்தாவது நிறுத்திப் பாருங்கள். எங்கே உங்களுக்கு விவரம் போதவில்லையோ அங்கே கை நின்றுவிடும். அந்த இடத்துக்குப் போய், இன்னும் உயிரோடிருக்கும் பெரியவர்களைக் கேளுங்கள். எழுதி வையுங்கள். அவர்கள் போய்விட்டால், அந்தத் தீக்குச்சியை எங்கே நிறுத்துவது என்று சொல்ல ஆள் இருக்காது.

ஜெய் பீம்.