பேட்ஜில் இருந்த பெயர்

என் தங்கை ஒரு தனியார் மருத்துவமனையின் கேத் லேபில் செவிலி. ஐந்தாறு வருடங்களுக்கு முன்பு, இரவுப் பணி முடிந்து நேராக என் வீட்டுக்கு வந்தாள். கழற்ற மறந்த பேட்ஜ் சட்டையில் அப்படியே தொங்கிக்கொண்டிருந்தது. அதில் ஓர் ஆணின் பெயர்.

“யாருடீ இது?”

“முன்னாடி இருந்த டெக்னீஷியன்க்கா. வேலைய விட்டுப் போயிட்டாரு. எனக்குப் புதுசு வர்ற வரைக்கும் இதப் போட்டுக்கச் சொன்னாங்க.”

“எத்தன நாளா?”

“எட்டு மாசம் இருக்கும்.”

அந்த பேட்ஜின் வேலையை அவள்தான் எனக்கு விளக்கினாள். அதற்குள் மூன்று சிறிய வட்டத் தகடுகள். டிஸ்ப்ரோசியம் கலந்த கால்சியம் சல்பேட்டை டெஃப்லானில் சேர்த்துச் செய்தவை. உடலின் மேல் விழும் கதிர்வீச்சின் ஆற்றலை அவை பிடித்து வைத்துக்கொள்ளும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஆய்வகத்துக்கு அனுப்பிச் சூடாக்கினால் ஒளிரும். அந்த ஒளியை அளந்து, வாங்கிய கதிர்வீச்சைக் கணக்கிடுவார்கள். பேட்ஜில் யார் பெயர் இருக்கிறதோ, அவருடைய ஆயுட்காலக் கணக்கில் அந்த எண் ஏறும்.

அப்படியானால் என் தங்கையின் எட்டு மாதங்கள், எங்கோ இருக்கும் ஓர் ஆணின் கணக்கில் ஏறியிருக்கின்றன. அவளுக்கென்று ஒரு கணக்கே தொடங்கப்படவில்லை. அகப்பாடலில் தலைவிக்குப் பெயர் கிடையாது, அது மரபு என்று வகுப்பில் நடத்துகிறேன். இதற்கு எந்த மரபைச் சொல்வது?

ஆஞ்சியோ செய்யும்போது அங்கே நிற்பவர்கள்மேல் படுவது பெரும்பாலும் நோயாளியின் உடலில் பட்டுச் சிதறி வரும் கதிர்தான். மருத்துவர் பெடலிலிருந்து காலை எடுத்தால் நின்றுவிடும். விலகி நின்றால் வெகுவாகக் குறையும். ஆனால் மருந்து ஏற்றவும் பயந்துபோன நோயாளியின் கையைப் பிடிக்கவும் வேண்டியவள் எவ்வளவு தூரம் விலகுவாள்? அவளுக்குக் கொடுத்த ஈய ஏப்ரனும் ஆண்களின் தோளுக்கு ஏற்றது. அக்குள் பக்கம் வாய் பிளந்து நிற்கும். மார்பகப் புற்று அதிகமாகத் தோன்றும் மேல் வெளிப்பகுதி அந்த இடைவெளிக்கு நேராகத்தான் இருக்கிறது.

பேசிக்கொண்டே இருந்தவள், குரலைத் தாழ்த்திச் சொன்னாள்: “ரெண்டு மாசம் தள்ளிப் போயிருக்குக்கா.”

மருத்துவமனையில் சொல்லவில்லை. அடுத்த மாதம் ஒப்பந்தம் புதுப்பிக்க வேண்டும். சொன்னால் புதுப்பிக்க மாட்டார்கள் என்று பயம். விதி அவளுக்குத் தெரியாததல்ல. கதிர்வீச்சுப் பணியாளருக்கு ஐந்தாண்டுச் சராசரியாக ஆண்டுக்கு 20 மில்லிசீவர்ட், எந்த ஓர் ஆண்டிலும் 30-ஐத் தாண்டக் கூடாது. கர்ப்பத்தைத் தெரிவித்த பிறகு, கருவுக்கு 1 மில்லிசீவர்ட்தான் வரம்பு. கர்ப்பத்தைக் காரணம் காட்டி வேலையை விட்டு நீக்கக் கூடாது. வேலையைத்தான் மாற்றித்தர வேண்டும். ஆனால் இவையெல்லாம் தெரிவித்த பிறகுதானே?

“புள்ளையவிட வேலை பெருசாடீ?” என்று கேட்டுவிட்டேன். மேடைகளில் பெண்ணியம் பேசுகிற என் வாயிலிருந்துதான் அந்தக் கேள்வி வந்தது. இன்றும் கூசுகிறது.

“வேலை இல்லாம புள்ளைய எப்படிக்கா வளக்குறது?” என்றாள்.

விடிந்ததும் கடிதம் எழுதினோம். கர்ப்பத்தைப் பற்றி ஒரு பத்தி, அவள் பெயரில் பேட்ஜ் வேண்டும் என்று ஒரு பத்தி. “தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன்” என்று முடித்திருந்தேன். அவள் அதை அடித்துவிட்டு “தெரிவிக்கிறேன்” என்று எழுதினாள். முனைவர் பட்டம் வாங்கிய எனக்கு வராத சொல் அது.

பொது வார்டுக்கு மாற்றினார்கள். இரண்டு முறை நேரில் போய்ப் பேசிய பிறகு ஒப்பந்தத்தையும் புதுப்பித்தார்கள். பிரசவம் முடிந்து அவள் கேத் லேபுக்குத் திரும்பியபோதுதான், அவள் பெயர் எழுதிய பேட்ஜ் வந்தது.

குழந்தை நலமாக இருக்கிறாள், பள்ளிக்குப் போகிறாள். ஏப்ரனுக்குள் போகும் கதிர் பொதுவாகக் குறைவு. எனவே அந்த எட்டு மாதங்களிலும் அளவு குறைவாகவே இருந்திருக்கும். ஆனால் இந்த ‘இருந்திருக்கும்’ என்ற சொல்லுக்கு இடமில்லாமல் செய்யத்தானே பேட்ஜ்?

என்னிடம் படித்த பெண்கள் சிலர் மருத்துவமனைகளில் வேலைக்குச் சேர்கிறார்கள். வாழ்த்துச் சொல்லும்போதே, கதிர்வீச்சு உள்ள பிரிவு என்றால் பேட்ஜில் யார் பெயர் இருக்கிறது என்று முதல் நாளே பார்க்கச் சொல்கிறேன். மூன்று மாதத்துக்கு ஒருமுறை, வந்த எண்ணையும் கேட்டுக் குறித்துவைத்துக்கொள்ளச் சொல்கிறேன்.