ஆரணியில் பட்டு எடுத்த கையோடு ஜவ்வாது மலைக்குப் போகலாமா?

ஆரணிக்குப் பட்டுச்சேலை எடுக்க வருகிறவர்கள் பெரும்பாலும் சாயங்காலத்துக்குள் ஊர் திரும்பிவிடுவார்கள். சிலர் மட்டும் பில் போடும்போது, "பக்கத்துல பார்க்க என்ன இருக்கு?" என்று கேட்பார்கள். படவேடு ரேணுகாம்பாள் கோயில், திருவண்ணாமலை என்று வரிசையாகச் சொல்லிவிட்டு, கடைக்காரர் கடைசியாக ஒன்று சொல்வார். "வண்டி இருந்தா ஜவ்வாது மலைக்குப் போய்ட்டு வாங்க. ஆனா இருட்டுறதுக்கு முன்னாடி இறங்கிடுங்க."

அந்த 'ஆனா'வுக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று பார்க்கத்தான் இந்தப் பயணம்.

ஆரணிக்கும் அந்த மலைக்கும் உள்ள உறவு தண்ணீர் உறவு. ஊரை ஒட்டி ஓடும் கமண்டல நாகநதி ஜவ்வாது மலையிலிருந்துதான் இறங்கி வருகிறது. இதில் கமண்டல நதியை படவேட்டுக்கு மேலே செண்பகத்தோப்பு அணை மறிக்கிறது. வருடத்தில் பல மாதங்கள் ஆற்றில் மணல்தான் தெரியும். "மலையில மழை பேஞ்சா எங்க கிணத்துல தெரியும் தம்பி. ஆனா அந்த மலைக்கு நான் ஏறினது ரெண்டே தடவைதான்" என்றார் ஒண்ணுபுரம் சாலையில் வசிக்கும் ஒரு நெசவாளர். ஐம்பதைத் தாண்டியவர். தறிக்குழியிலிருந்து காலை எடுக்காமலே பேசினார். ஏன் இரண்டே தடவை என்று கேட்டேன். "அங்க போய் என்ன பண்றது? ஆடு, மாடு, காடு" என்றார். மலையைப் பற்றிக் கீழே இருக்கிற பலரும் இந்த மூன்று சொல்லோடு முடித்துவிடுகிறார்கள்.

ஆரணியிலிருந்து களம்பூர் வழியாகப் போளூர், அங்கிருந்து மலைப்பேருந்து. அத்திமூர் தாண்டியதும் சமவெளி முடிகிறது. அதுவரை ஜன்னல் பக்கம் இடம்பிடிக்கச் சண்டை போட்டவர்கள், முதல் கொண்டை ஊசி வளைவுக்குப் பிறகு முன்சீட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு அமைதியாகிவிடுகிறார்கள். மலைக்காரர்கள் அப்படி இல்லை. தவிட்டு மூட்டை மேல் உட்கார்ந்து தூங்குகிறார்கள். எனக்குப் பக்கத்தில் இருந்த பாட்டியின் மடியில் ஓட்டை போட்ட அட்டைப்பெட்டி, உள்ளே கோழிக்குஞ்சுகள். வண்டி திரும்பும் பக்கமெல்லாம் பெட்டியை எதிர்ப்பக்கமாகச் சாய்த்துக்கொண்டே வந்தார். எனக்கு வாந்தி வராமல் இருக்க ஒரு புளியங்கொட்டை கொடுத்தார். வேலை செய்ததா என்று தெரியாது, வாந்தி வரவில்லை.

மேலே ஏறினால் ஜமுனாமரத்தூர். கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு பகுதியான ஜவ்வாது மலை திருவண்ணாமலை, திருப்பத்தூர், வேலூர் மாவட்டங்களில் பரந்து கிடக்கிறது. திருவண்ணாமலைப் பக்கத்து மலைக்கு இதுதான் தலைநகரம். ஒரு கடைத்தெரு, பேருந்து நிலையம், ஒன்றிய அலுவலகம், ஆரம்ப சுகாதார நிலையம், படகு விடும் கோலப்பன் ஏரி... ஊர் அவ்வளவுதான். கடைத்தெருவில் மனிதர்களுக்குச் சமமாக ஆடுகளும் நடக்கின்றன.

மலையின் உண்மையான வாழ்க்கை ஊருக்கு வெளியே, கொல்லைகளில் இருக்கிறது. இங்கே நிறைய சிற்றூர்களின் பெயர் 'கொல்லை' என்றே முடியும். காட்டைத் திருத்தி விதைத்த நிலம் கொல்லை, அதைச் சுற்றி வீடு வந்தால் அதுவே ஊர். வாழ்பவர்கள் மலையாளிப் பழங்குடியினர். கேரளத்துக்கும் இவர்களுக்கும் சம்பந்தமில்லை. மலையை ஆள்பவர்கள் என்ற பொருளில் வந்த பெயர் என்கிறார்கள். முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து வந்து மலையேறியவர்கள் என்பது தலைமுறை தலைமுறையாகச் சொல்லப்படும் கதை. காஞ்சிபுரமும் பட்டு ஊர், ஆரணியும் பட்டு ஊர். இதைச் சொன்னதும் ஒரு பெரியவர் சிரித்தார். "நாங்க நெய்யல தம்பி, மேய்க்கிறோம்."

அவரிடம் நான்கு மாடுகளும் இருபதுக்கும் மேற்பட்ட ஆடுகளும் இருந்தன. மாடு பாலுக்காக இல்லை. ஏருக்கும் எருவுக்கும். சாமை விதைக்கிற சரிவில் டிராக்டர் நிற்காது. கன்று குடித்தது போக மிஞ்சினால்தான் வீட்டுக்குப் பால். ஆடு வேறு கணக்கு. பிள்ளைக்குக் கல்லூரிக் கட்டணம், வீட்டில் யாருக்காவது ஆபரேஷன், கல்யாணம் என்றால் ஆடு மலையிறங்கும். போளூர் பக்கம் கேளூர் சந்தைமேட்டுச் சந்தைதான் இவர்களுக்குப் பெரிய சந்தை. "ஆடு கட்டியிருக்கிற வீட்டுக்கு வட்டிக்காரன் வரமாட்டான்" என்றார் பெரியவர்.

மேய்ச்சலுக்குக் காடுதான். 2022 மார்ச் மாதம் தமிழகத்தின் எந்தக் காட்டிலும் கால்நடை மேய்க்கக் கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. எதிர்ப்புக் கிளம்பியதும் அதே மாதத்தில் அந்தத் தடையை தேசியப் பூங்கா, சரணாலயம், புலிகள் காப்பகம் ஆகியவற்றோடு சுருக்கிக்கொண்டது. அந்த இரண்டு வாரங்களை இங்கே இன்னும் பேசுகிறார்கள். 2006-ம் வருட வன உரிமைச் சட்டம் மேய்ச்சலையும் ஓர் உரிமையாகச் சொல்கிறது. ஆனால், சட்டம் வந்து பத்தாண்டுகள் வரை தமிழகத்தில் பட்டா கொடுப்பது நீதிமன்றத் தடையில் மாட்டிக்கிடந்தது. 2016-ல்தான் உச்ச நீதிமன்றம் வழி திறந்துவிட்டது.

சரி, ஆபத்துக்கு வருகிறேன். கீழே இருப்பவர்கள் பயமுறுத்தும் விஷயங்கள் வேறு: கரடி, நாட்டுத் துப்பாக்கி, சாராயம், 'மலை ஆளுங்க'. இவற்றில் கடைசியைச் சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடே இல்லை. வழி கேட்ட இடத்திலெல்லாம் உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தவர்கள் மலை ஆளுங்கதான். நாட்டுத் துப்பாக்கிகளை ஒப்படைக்கச் சொல்லி போலீஸ் அவ்வப்போது அறிவிப்பது உண்மை. அதற்காகத்தான் பாதையை விட்டுக் காட்டுக்குள் அலையாதீர்கள் என்று உள்ளூர்க்காரர்களே சொல்கிறார்கள். ஆனால், இந்த மலை ஆட்களைக் கொல்வது பெரும்பாலும் இவை எதுவும் இல்லை.

முதலாவது சாலை. 2022 ஏப்ரல் 2, யுகாதி தினம். திருப்பத்தூர்ப் பக்க மலையில் புதூர்நாடு அருகே இருக்கும் புலியூரிலிருந்து முப்பதுக்கும் மேற்பட்டவர்கள் ஒரு வேனில் செம்பரை மலைக்கோயிலுக்குப் புறப்பட்டார்கள். ஏற்றத்தில் வண்டி கட்டுப்பாட்டை இழந்து பள்ளத்தில் உருண்டது. 11 பேர் இறந்தார்கள். பெரும்பாலும் பெண்கள். மூன்று பேர் போக வேண்டிய வண்டியில் முப்பது பேர் போவது மலையில் துணிச்சல் அல்ல. வேறு வண்டி இல்லை என்பதுதான் விஷயம்.

இரண்டாவது பாம்பு. அதையும் சாலை என்றே சொல்லலாம். 2023 மே மாதம், வேலூர் மாவட்டம் அல்லேரி மலையில் அத்திமரத்துக்கொல்லை என்ற சிற்றூரில் வீட்டு முன் தூங்கிக்கொண்டிருந்த ஒன்றரை வயதுக் குழந்தையைப் பாம்பு கடித்தது. சாலை இல்லாததால் மருத்துவமனை போய்ச் சேருவதற்குள் குழந்தை இறந்தது. பிரேதப் பரிசோதனை முடிந்து திரும்பும்போது ஆம்புலன்ஸ் பாதி வழியில் நின்றுவிட, தாய் பல கிலோமீட்டர் குழந்தையின் உடலைக் கையில் சுமந்தே நடந்தார். அந்தப் படம் எல்லோர் கைப்பேசியிலும் வந்தது. 2024 நவம்பரில் பாம்புக்கடியை, கட்டாயம் அரசுக்குத் தெரிவிக்க வேண்டிய நோயாகத் தமிழக அரசு அறிவித்தது. கணக்கு ஒழுங்காகக் கிடைத்தால் மருந்து எங்கே இருக்க வேண்டும் என்று தெரியும். ஆனால், மருந்து இருக்கும் இடத்துக்கு வழி வேண்டுமே!

மூன்றாவது, பிழைப்பு தேடி இறங்கும் வழி. 2015 ஏப்ரல் 7-ம் தேதி, செம்மரம் வெட்ட வந்தவர்கள் என்று சொல்லி ஆந்திர போலீஸ் சேஷாசலம் காட்டில் 20 தமிழர்களைச் சுட்டுக் கொன்றது. இறந்தவர்களில் பலர் இந்தத் திருவண்ணாமலை மாவட்டத்துக்காரர்கள், ஜவ்வாது மலைக்காரர்களும் அதில் உண்டு. மலையில் அந்தப் பேச்சை எடுத்தால் பெண்கள் எழுந்து உள்ளே போய்விடுகிறார்கள். நானும் மேலே கேட்கவில்லை.

இவ்வளவு சொன்ன பிறகும் போகலாமா என்றால், தாராளமாகப் போகலாம் என்பேன். ஆனால், ஊட்டி, ஏற்காடு போகிற மாதிரி போகக் கூடாது.

இருசக்கர வாகனத்தில் போகிறவர்கள் பிரேக்கைப் போளூரிலேயே ஒருமுறை பார்த்துவிடுங்கள். டேங்க்கையும் அங்கேயே நிரப்பிக்கொள்ளுங்கள். இறங்கும்போது இன்ஜினை அணைத்து பெட்ரோல் மிச்சம் பிடிப்பவர்களை இரண்டு இடத்தில் பார்த்தேன். அதைவிடப் பெரிய முட்டாள்தனம் கிடையாது. முதல் அல்லது இரண்டாவது கியரில் இறங்கினால் இன்ஜினே வண்டியைப் பிடித்து நிறுத்தும். கியர் இல்லாத ஸ்கூட்டரில் இரண்டு பேர் இறங்கினால் பிரேக் மட்டும்தான் தாங்க வேண்டும். சூடேறினால் அது பிடிக்காது. ஸ்கூட்டர் வேண்டாம் என்பதே என் யோசனை. வளைவுக்கு வளைவு ஹாரன் கொடுங்கள். ஏறி வரும் வண்டிக்கு வழி விடுங்கள். மழை பெய்த மறுநாள் சாலையில் மண்ணும் கல்லும் சரிந்து கிடக்கும். அன்றைக்குப் பட்டு மட்டும் எடுத்துக்கொண்டு ஊருக்குப் போய்விடலாம்.

பீமன் நீர்வீழ்ச்சியில் கோடையில் தண்ணீர் குறைவு, மழைக்குப் பிறகு அழகு. ஆனால், அழகாக இருக்கும் அந்த நாள்களில்தான் பாறை வழுக்கும். மேலே எங்கோ பெய்த மழை, நீங்கள் நிற்கும் இடத்தில் சொல்லாமல் வந்துவிடும். தண்ணீர் கலங்க ஆரம்பித்தால் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு கரையேறிவிடுங்கள். செல்ஃபி அப்புறம்.

ஜமுனாமரத்தூரைத் தாண்டினால் பல இடங்களில் கைப்பேசி சும்மா கடிகாரம்தான். எங்கே போகிறீர்கள், எப்போது திரும்புவீர்கள் என்று கடைத்தெருவில் ஒருவரிடமாவது சொல்லிவிட்டுப் போங்கள். ஷூ, டார்ச் இரண்டும் அவசியம். பாம்பு கடித்தால் கயிறு கட்டுவது, கீறுவது, வாயால் உறிஞ்சுவது எதுவும் கூடாது. கடிபட்ட கையையோ காலையோ அசைக்காமல் வைத்து, நடக்கவிடாமல் தூக்கிக்கொண்டு மருத்துவமனைக்குப் போவது ஒன்றுதான் வழி.

இரவு தங்குவதாக இருந்தால் தங்குமிடத்தை முன்பே உறுதி செய்துகொள்ளுங்கள். தங்கினால் வானம் உங்களுக்குப் போனஸ். ஆலங்காயம் போகும் சாலையில் காவலூரில் இருக்கும் வைணு பாப்பு வானாய்வகம் இந்த இருட்டுக்காகவே இங்கே வந்தது. சுமார் 2,400 அடி உயரத்தில், 2.3 மீட்டர் விட்டமுள்ள தொலைநோக்கி 1986-ல் இயங்கத் தொடங்கியது. 1988-ல் இங்கே கண்டுபிடிக்கப்பட்ட சிறுகோளுக்கு ராமானுஜன் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். செவ்வாய்க்கும் வியாழனுக்கும் நடுவில் சுற்றுவதைக் கண்டுபிடித்த அதே மலையில், ஆம்புலன்ஸ் எங்கே நிற்கிறது என்று பார்க்க ஒருவர் மேட்டின் மேல் ஏறி கையை நெற்றியில் வைத்துக்கொண்டு பார்க்கிறார்.

எனக்கு மிகவும் பிடித்த செய்தியும் இந்த மலையில்தான் இருக்கிறது. 2022-ல் வேன் விபத்தால் செய்தியில் வந்த அதே மலை, 2024 பிப்ரவரியில் வேறொரு காரணத்துக்காகச் செய்தியானது. ஸ்ரீபதி என்ற 23 வயதுப் பெண் டி.என்.பி.எஸ்.சி சிவில் நீதிபதித் தேர்வில் வென்றார். மலையாளிப் பழங்குடிப் பெண். குழந்தை பிறந்த ஓரிரு நாளில் சென்னைக்குப் பயணம் செய்து தேர்வு எழுதியவர். ஜமுனாமரத்தூர் டீக்கடையில் இவர் பெயரைச் சொன்னதும் கடைக்கார அக்கா கொஞ்சம் பெருமையோடு, "எங்க பொண்ணு" என்றார். சொந்தமா என்று கேட்டேன். "மலை முழுக்கச் சொந்தம்தான்பா. டீக்கு சர்க்கரை போதுமா?"

வாங்கி வர என்ன இருக்கிறது என்று கேட்பவர்களுக்கு: சாமை அரிசி, தேன், புளி, சீசனில் பலாவும் சீத்தாப்பழமும். சாமையை லேசாக வறுத்துவிட்டு ஒன்றுக்கு இரண்டரைப் பங்கு தண்ணீர் வைத்தால் உதிரியாக வரும் என்பது டீக்கடை அக்காவின் கணக்கு. வீட்டில் செய்து பார்த்தேன், கணக்கு சரி.

மாலையில் போளூர் பேருந்துக்காக நின்றுகொண்டிருந்தபோது, சந்தைக்கு ஆடு ஏற்றிய லோடு வண்டி ஒன்று வந்து நின்றது. இருட்ட ஆரம்பித்திருந்தது. டிரைவர் தலையை நீட்டி, "தம்பி, போளூருக்குத்தானே, ஏறிக்கோ. பஸ் வர நேரமாகும்" என்றார். பேருந்திலேயே வருகிறேன் என்றேன். என்னோடு நின்றிருந்த மற்றவர்கள் ஏறிக்கொண்டார்கள். பின்பக்கக் கதவைச் சங்கிலி போட்டு மாட்டும்போது எண்ணினேன். 14 பேர், 9 ஆடுகள்.