ஏற்றுமதித் தரம்

தில்லியில் அகில இந்திய மருத்துவ விஞ்ஞானக் கழகத்தை உருவாக்கிய 1956-ம் வருடச் சட்டம், அதன் நோக்கங்களில் ஒன்றாக முதுநிலை மருத்துவப் படிப்பில் தன்னிறைவு அடைவதைக் குறிப்பிடுகிறது. இந்திய டாக்டர் மேல்படிப்புக்காக எடின்பரோவுக்குக் கப்பலேறும் நிலை இனி இருக்கக் கூடாது என்பது அதன் பொருள். முதல் சுகாதார அமைச்சர் ராஜ்குமாரி அம்ரித் கௌர் கண்ட கனவு அது. கொழும்புத் திட்டத்தின் கீழ் நியூஜிலாந்து கொடுத்த பணத்தில் அஸ்திவாரம் போடப்பட்டது.

அரை நூற்றாண்டு கழித்து, 2008-ல், உலக சுகாதார நிறுவனத்தின் இதழில் ஒரு ஆய்வு வெளியானது. 1989-க்கும் 2000-க்கும் இடையில் இந்தக் கழகத்தில் படித்து வெளிவந்த 428 டாக்டர்கள் எங்கே என்று தேடிப் பார்த்தார்கள். அவர்களில் 54 சதவீதம் பேர் வெளிநாட்டில். இதைவிட சுவாரசியமானது அடுத்த கணக்கு. இட ஒதுக்கீட்டில் வந்தவர்களைவிடப் பொதுப் பிரிவில் வந்தவர்கள் அமெரிக்காவில் குடியேறும் வாய்ப்பு இரண்டு மடங்கு. பல பரிசுகளை வாங்கிக் குவித்தவர்கள் நாட்டைவிட்டுப் போகும் வாய்ப்பு மற்றவர்களைவிட 35 சதவீதம் அதிகம். 'தகுதி' பாழாகிவிடும் என்று 2006-ல் இட ஒதுக்கீட்டுக்கு எதிராகக் கொதித்தெழுந்த வளாகம் இது என்பதை நினைவில் வைத்துக்கொண்டு இந்த எண்களைப் படிக்கலாம்.

மத்தியப் பிரதேசத்தின் புந்தேல்கண்ட் பகுதியில், ஒரு சமுதாய சுகாதார நிலையத்தில் 26 வருடங்களாக வேலை பார்க்கும் ஒரு அறுவை சிகிச்சை டாக்டருக்கு இந்தப் புள்ளிவிவரம் தேவையில்லை. அவரது கல்லூரித் தோழர்களின் வாட்ஸ்அப் குழுவே போதும். இவர் காலைப் புறநோயாளிகளைப் பார்த்து முடிக்கும் நேரத்தில் லீட்சில் விடிகிறது. ஓஹையோவில் இன்னும் நடுராத்திரி. தலையில் அடிபட்டு வருபவரின் சி.டி. ஸ்கேன் படத்தை இவர் செல்போனில் அனுப்புவார். அமெரிக்காவில் இருக்கும் ரேடியாலஜிஸ்ட் நண்பர், தூக்கத்திலிருந்து எழுந்து, பார்த்துச் சொல்வார். பைசா வாங்குவதில்லை. "எங்கள் மாவட்டத்துக்கு ரேடியாலஜிஸ்ட் இல்லை என்று யார் சொன்னது? இருக்கிறார். ஆனால் ஓஹையோவில் இருக்கிறார்" என்கிறார் டாக்டர், சிரிக்காமல்.

அவருடைய உண்மையான தலைவலி ரேடியாலஜிஸ்ட் அல்ல, மயக்க மருந்து நிபுணர். சிசேரியன் என்றால் கத்தி பிடிக்க ஒருவர், மயக்க மருந்து கொடுத்து மூச்சைக் கவனிக்க ஒருவர், பிறந்த குழந்தையை வாங்கிக்கொள்ள ஒருவர் வேண்டும். ரத்தமும் தயாராக இருக்க வேண்டும். இதில் ஒன்று குறைந்தாலும் ஆபரேஷன் தியேட்டர் வெறும் அறைதான். இவர் வேலை பார்த்த 26 வருடங்களில் மயக்க மருந்து நிபுணர் இருந்தது மொத்தமே எட்டு வருடம். மற்ற வருடங்களில், பிரசவம் சிக்கலாகிவிட்ட பெண்களை ஆம்புலன்ஸில் ஏற்றி 90 கிலோமீட்டர் தள்ளி ஜான்சிக்கு அனுப்ப வேண்டியிருந்தது. "டாக்டர் சாப், நீங்கள்தான் இருக்கிறீர்களே, அப்புறம் எதற்கு ஜான்சி?" என்று ஒரு மாமியார் கேட்டாராம். ஆபரேஷன் செய்யத் தெரிந்த டாக்டர் எதிரே நின்றுகொண்டு முடியாது என்று சொல்வதை அந்த அம்மாளுக்கு எப்படி விளக்குவது? சில இரவுகளில் அவர் விளக்கவில்லை. தானே முதுகில் ஊசி போட்டு, கையைக் கழுவிக்கொண்டு, தானே கத்தியையும் எடுத்தார். ஒரு கண் வயிற்றில், ஒரு கண் மூச்சில். விதிப்படி இது தவறு. ஏதாவது ஆகியிருந்தால் அவரைக் காப்பாற்ற யாரும் வந்திருக்க மாட்டார்கள்.

அரசாங்கத்துக்கு இது தெரியாது என்றில்லை. எம்.பி.பி.எஸ். டாக்டர்களுக்கு 18 வாரம் பயிற்சி கொடுத்து, அவசர சிசேரியனுக்கு மட்டும் மயக்க மருந்து கொடுக்க அனுமதிக்கும் திட்டம் வந்தது. நல்ல திட்டம். அப்படிப் பயிற்சி பெற்ற இளைஞர் ஒருவர் இந்த நிலையத்துக்கும் வந்தார். 14 மாதத்தில் முதுநிலை நுழைவுத் தேர்வில் தேறி, தோல் நோய் மருத்துவம் படிக்கப் போய்விட்டார்.

நாடு முழுக்க இதே கதைதான். மத்திய அரசு வெளியிட்ட 2021-22 கிராமப்புற சுகாதாரப் புள்ளிவிவரப்படி, கிராமப்புற சமுதாய சுகாதார நிலையங்களில் தேவையான அறுவை சிகிச்சை நிபுணர்களில் 83 சதவீதம் பேர் இல்லை. மகப்பேறு நிபுணர்களில் 74 சதவீதம், குழந்தை மருத்துவர்களில் 82 சதவீதம் பேர் இல்லை.

இதற்கெல்லாம் அமெரிக்காவும் பிரிட்டனும்தான் காரணம் என்று சொன்னால் அது பாதி உண்மை. 2005-ல் வெளியான ஒரு கணக்குப்படி அமெரிக்கா, பிரிட்டன், கனடா, ஆஸ்திரேலியா நான்கிலும் சேர்த்து வேலை பார்த்த இந்திய டாக்டர்கள் ஏறக்குறைய 60 ஆயிரம் பேர். வேறெந்த நாடும் இத்தனை பேரை அனுப்பவில்லை. ஆனால் இந்தியாவில் பதிவு செய்துகொண்ட அலோபதி டாக்டர்கள் இன்று 13 லட்சத்துக்கு மேல். போனவர்கள் அத்தனை பேரும் நாளையே திரும்பி வந்தாலும், அவர்கள் இறங்கப்போவது தில்லியிலும் பெங்களூரிலும்தான். புந்தேல்கண்டைப் பொறுத்தவரை தில்லியும் வெளிநாடுதான், விசா மட்டும் தேவையில்லை. நஷ்டம் எண்ணிக்கையில் அல்ல, ரகத்தில். போகிறவர்களில் நாளைய பேராசிரியர்கள் இருக்கிறார்கள், மயக்க மருந்து கொடுக்கக் கற்றுத்தர வேண்டியவர்கள் இருக்கிறார்கள். 2014-ல் சுமார் 51 ஆயிரமாக இருந்த எம்.பி.பி.எஸ். இடங்கள் பத்தே வருடத்தில் ஒரு லட்சத்தைத் தாண்டிவிட்டன. சொல்லிக்கொடுக்க ஆள்?

இந்த ஏற்றுமதிக்கு விதை போடப்பட்டது சுதந்திரத்துக்கும் முன்பே. 1946-ல் போர் கமிட்டி அறிக்கை தந்தபோது, நாட்டில் சுமார் 47,500 டாக்டர்கள் இருந்தார்கள். அவர்களில் ஏறக்குறைய 30 ஆயிரம் பேர் பட்டம் பெறாத, குறுகிய காலப் படிப்பு படித்த லைசன்ஷியேட்டுகள். இந்தப் படிப்பை ஒழித்துவிட்டு எல்லோருக்கும் ஒரே தரமான பட்டம் என்று கமிட்டி பரிந்துரைத்தது. உறுப்பினர்களில் சிலர் மறுப்புத் தெரிவித்தும் எடுபடவில்லை. நோக்கம் உயர்ந்தது: ஏழைக்கு ஒரு மருத்துவம், பணக்காரனுக்கு ஒரு மருத்துவம் என்று இருக்கக் கூடாது. ஆனால் பிரிட்டிஷ் அளவுகோலில் தயாரான அந்தப் பட்டம் பிரிட்டனிலும் செல்லுபடியாகும். லைசன்ஷியேட் போக முடியாத இடத்துக்கு எம்.பி.பி.எஸ். போக முடியும், போனார்.

அந்த வெற்றிடத்தை யார் நிரப்பினார்கள் என்பதற்கும் கணக்கு இருக்கிறது. 2001 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் தங்களை அலோபதி டாக்டர் என்று சொல்லிக்கொண்டவர்களில் 57 சதவீதம் பேருக்கு மருத்துவப் படிப்பே கிடையாது. கிராமங்களில் படித்த டாக்டர் ஐந்தில் ஒருவர்கூட இல்லை. சத்தீஸ்கர் 2001-ல் துணிந்து மூன்று வருட மருத்துவப் படிப்பு ஒன்றைத் தொடங்கியது. டாக்டர் சங்கங்கள் 'அரை டாக்டர்' என்று கூச்சலிட்டன. சில வருடங்களில் படிப்பு மூடப்பட்டது. படித்து முடித்தவர்கள் உதவியாளர் என்ற பெயரில் இன்று கிராம ஆரம்ப சுகாதார நிலையங்களைத் தாங்கிக்கொண்டிருக்கிறார்கள்.

இந்திய டாக்டருக்குக் கிராமம் பிடிக்காது என்பது பொதுவான குற்றச்சாட்டு. இது சரியல்ல. 1960-களில் பிரிட்டிஷ் டாக்டர்கள் கனடாவுக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் கிளம்பியபோது, வேல்ஸின் சுரங்கப் பள்ளத்தாக்குகளில் கரித்தூசி படிந்த நுரையீரல்களைச் சோதித்தது இந்திய டாக்டர்தான். உள்ளூர் டாக்டர்கள் சீண்டாத முதியோர் வார்டுகளும் மனநல மருத்துவமனைகளும் அவர் தலையில் விழுந்தன. அமெரிக்காவிலும் அப்படியே. ஜே-1 விசாவில் பயிற்சிக்குப் போகும் டாக்டர் முடித்ததும் இரண்டு வருடம் தாய்நாடு திரும்ப வேண்டும். திரும்பாமல் தப்பிக்க ஒரு வழி உண்டு: டாக்டர் பற்றாக்குறை உள்ள அமெரிக்கப் பகுதியில் மூன்று வருடம் வேலை பார்ப்பது. வடக்கு டகோட்டா செனட்டர் கென்ட் கான்ராட் கொண்டுவந்த ஏற்பாடு இதற்குப் பெரிதும் கைகொடுக்கிறது. 1994 முதல் நடப்பில் இருக்கிறது. பண்டா மாவட்டத்துக்குப் போக மறுத்தவர் மிசிசிப்பி கிராமத்துக்கு மறுபேச்சில்லாமல் போகிறார். அங்கே கிரீன் கார்டு காத்திருக்கிறது. அதோடு, எழுதிக் கொடுத்த ரத்தப் பரிசோதனை முடிவு மாலைக்குள் மேஜைக்கு வருகிறது.

இந்தியா கயிற்றை இழுத்துப் பார்க்காமல் இல்லை. நாடு திரும்பும் கட்டாயமில்லை என்று அமெரிக்காவுக்குக் கொடுக்கும் சான்றிதழை டாக்டர்களுக்குத் தருவதில்லை என்று 2011-ல் மத்திய அரசு முடிவெடுத்தது. அமெரிக்கக் கிராமங்களுக்குப் போகிற வழி திறந்தே இருந்ததால் அந்தக் கயிறு யாரையும் பெரிதாகக் கட்டிப்போடவில்லை. கதவைச் சாத்துவதும் திறப்பதும் எப்போதும் அழைத்தவர்கள் கையில்தான். 1975-ல் பிரிட்டன் இந்தியப் பட்டங்களுக்கான அங்கீகாரத்தை விலக்கிக்கொண்டது. 2006-ல் ஒரே உத்தரவில் விசா விதிகளை மாற்றியபோது, தேர்வெழுதித் தேறிய ஆயிரக்கணக்கான இந்திய டாக்டர்கள் வேலையில்லாமல் தவித்தார்கள். தமிழர்கள் நிறைந்த லண்டன் ஈஸ்ட்ஹாமில் ஒரு அறையில் நாலைந்து பேராக முடங்கிக் கிடந்தவர்கள் பலர்.

திரும்பி வந்தவர்களும் உண்டு. அமெரிக்காவிலிருந்து வந்த பிரதாப் ரெட்டி 1983-ல் சென்னையில் அப்பல்லோவைத் தொடங்கினார். காசுள்ளவர்கள் ஹூஸ்டன் போவது குறைந்தது. ஜான்ஸ் ஹாப்கின்ஸில் படித்த அபய் பங், ராணி பங் தம்பதி மகாராஷ்டிரத்தின் கட்சிரோலிக்குப் போனார்கள். பச்சிளம் குழந்தையைக் காப்பாற்றக் கிராமத்துப் பெண்களுக்கே அவர்கள் பயிற்சி கொடுத்தார்கள். அங்கே பச்சிளம் குழந்தைகளின் மரணம் பாதிக்குமேல் குறைந்ததை 1999-ல் லான்செட் இதழ் வெளியிட்டது. தில்லிக் கழகத்தில் படித்த சிலர் சத்தீஸ்கரின் கனியாரி கிராமத்தில் ஆஸ்பத்திரி நடத்துகிறார்கள். புந்தேல்கண்ட் டாக்டர் ஒருமுறை அங்கே போய்ப் பார்த்திருக்கிறார். பிரமித்தாராம். ஆனால் "அங்கே பத்துப் பேர் சேர்ந்து இருக்கிறார்கள். நான் ஒருவன்" என்கிறார்.

போன நண்பர்களை அவர் இதுவரை ஏசியதில்லை, கிண்டல் செய்ததோடு சரி. இப்போது அதையும் நிறுத்திவிட்டார். அவர் மகளும் டாக்டர். அரசுக்கு எழுதிக் கொடுத்த பத்திரப்படி பக்கத்து மாவட்டத்தில் கிராமச் சேவையில் இருந்தாள். அப்போதுதான், 2024 ஆகஸ்ட் 9 அன்று, கொல்கத்தாவின் ஆர்.ஜி. கர் மருத்துவமனையில் இரவுப் பணியில் இருந்த பயிற்சி டாக்டர் கருத்தரங்க அறையில் பலாத்காரம் செய்யப்பட்டுக் கொல்லப்பட்டார். மகள் வேலை பார்த்த ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெண் டாக்டருக்கென்று தாழ்ப்பாள் உள்ள அறை கிடையாது. மூன்றாம் நாள் அப்பாவுக்குப் போன் செய்தாள். "பாபா, நான் அமெரிக்கத் தேர்வு எழுதட்டுமா?" என்றுதான் கேட்டாள். வேறெதுவும் சொல்லவில்லை.

"இரு என்று சொல்லத்தான் நினைத்தேன். 26 வருஷமாக எல்லோரிடமும் அதைத்தானே சொல்லிக்கொண்டிருக்கிறேன். அவளிடம் சொல்ல வாய் வரவில்லை" என்கிறார். மனைவி நகையை அடகு வைக்க வேண்டாம் என்று, சாகர் சாலையில் வாங்கிப் போட்டிருந்த மனையை விற்றார். தேர்வுக் கட்டணத்துக்கும் பயிற்சிக்கும் பணம் தயார். முதல் கட்டத்தில் தேறிவிட்டாள். இரண்டாவதுக்குப் படிக்கிறாள். 2025 செப்டம்பரில் அமெரிக்கா எச்-1பி விசாவுக்கு ஒரு லட்சம் டாலர் கட்டணம் அறிவித்தபோது அவருக்கு ஒரு நிமிடம் நிம்மதியாக இருந்தது. அடுத்த நிமிடம், ஜே-1 விசாவுக்கு இது பொருந்துமா என்று ஓஹையோ நண்பருக்குச் செய்தி அனுப்பினார்.

மகள் எடுக்க நினைத்திருக்கும் மேல்படிப்பு மயக்க மருந்தியல்.