ஹசாரே கிண்ணமும் நாமும்

எமது பாடசாலையின் ஆசிரியர் அறையிலே எம்மைப் பற்றி ஒரு முறைப்பாடு உண்டு. ஆண்டிறுதி நெருங்கினால் நாம் கைத்தொலைபேசியை ஏந்தியவண்ணம் விதர்ப்பாவையும் சௌராட்டிரத்தையும் பற்றிப் பேசத் தொடங்கிவிடுகிறோம் என்பதே அது. "சங்கச் செய்யுள் படிப்பிக்கிற நீர், இந்தியாவின் மாநிலங்கள் தங்களுக்குள்ளே ஆடுகிற ஆட்டத்துக்கு ஏன் காணும் இப்படி மினக்கெடுகிறீர்? நாட்டோடு நாடு மோதுகிற ஆட்டமென்றாலும் ஒரு நியாயம் இருக்கும்" என்று கணித ஆசிரியராகிய நண்பரொருவர் கேட்டார். கேள்வி தக்கதே. இலங்கையன் ஒருவன் தன் நாட்டு அணியைப் பின்பற்றுவதற்குக் காரணங் கூறவேண்டியதில்லை. அயல்நாட்டின் உள்ளூர் ஆட்டத்தைப் பின்பற்றுபவன் கூறத்தான் வேண்டும்.

நாடுகளுக்கிடையிலான ஆட்டத்தில் நாம் காண்பது முற்றுப்பெற்ற பண்டம். சந்தைக்கு வந்துவிட்ட பண்டத்தின்மீது அதனை ஆக்கிய உழைப்பின் சுவடு தெரிவதில்லை என்பதை இவ்விதழின் வாசகர்களுக்கு விளக்கவேண்டியதில்லை. பட்டறையைக் காண விரும்புவோர் விஜய் ஹசாரே கிண்ணத்துக்கான ஐம்பது ஓவர் ஆட்டங்களுக்குத்தான் செல்லவேண்டும். பெங்களூரின் புறத்தே ஆலூர் என்னுமிடத்தில் ஆடுகளங்கள் அருகருகே கிடக்கின்றன. அங்கே பெருங்கூட்டமில்லை; வாணவேடிக்கையில்லை. போட்டிப் பருவத்தின் சில நாட்களிலே வெவ்வேறு நகரங்களில் 15க்கு மேற்பட்ட ஆட்டங்கள் ஒருங்கே நடைபெறும். அவற்றுட் பெரும்பாலானவை தொலைக்காட்சியில் வருவதில்லை. எமக்குக் கிட்டுவது பந்துக்குப் பந்து மாறுகின்ற ஓட்டப்பட்டியல் மாத்திரமே. புள்ளிப் பதிவேட்டிலே பழகிய ஆசிரியனுக்கு அது போதும். முப்பத்தைந்து என்ற புள்ளிக்குப் பின்னால் ஒரு வீடும், அவ்வீட்டில் மாலை விளக்கேற்றும் நேரமும், தகப்பனின் தொழிலும் இருப்பதை அவன் அறிவான். ஓட்டப்பட்டியலையும் நாம் அவ்வாறே வாசிக்கிறோம்.

கிண்ணங்களின் பெயர்களே ஒரு சரித்திரம். 1934-35இல் தொடங்கிய ரஞ்சிக் கிண்ணம் நவநகர் சமஸ்தானத்து மன்னரின் பெயரைத் தாங்கியது. ஒருநாள் ஆட்டங்களுக்கு வந்த பெயர்கள் வேறு வகையின. 1973-74இல் வலயங்களுக்கிடையே தொடங்கிய போட்டிக்குப் புனே நகரத்துச் சமஸ்கிருதப் பேராசிரியரான டி.பி. தியோதரின் பெயர் சூட்டப்பட்டது. மொழி கற்பித்த ஒருவரின் பெயரில் ஒரு கிண்ணம் எழுந்தது என்பதில் எமக்குள்ள பெருமிதத்தை மேற்படி கணித நண்பருக்குத் தெரிவிக்கும் வாய்ப்பை நாம் நழுவவிட்டதில்லை. மாநிலங்களுக்கிடையிலான ஒருநாள் ஆட்டங்கள் 1993-94இல் வலய அளவில் தொடங்கி, 2002-03 முதல் தேசிய அளவில் நடைபெற்று, 2007-08இல் விஜய் ஹசாரேயின் பெயரைப் பெற்றன.

இந்த ஹசாரே யார்? 1948இல் அடிலெய்டில் பிராட்மனின் அணிக்கெதிராக ஒரே டெஸ்டின் இரு இன்னிங்ஸ்களிலும் சதம் அடித்தவர். 1952இல் சென்னையில் இந்தியா தன் முதலாவது டெஸ்ட் வெற்றியை ஈட்டியபோது தலைவராக இருந்தவர். இவை யாவரும் அறிந்தவை. எம்மைக் கவர்வது அதற்கு முந்திய கதை. பம்பாயில் அக்காலத்தில் மதத்தின் பெயரால் அணி பிரித்து ஆடினர். இந்துக்கள், முஸ்லிம்கள், பார்சிகள், ஐரோப்பியர் என நால்வகை. 1937இல் 'ஏனையோர்' என்று ஐந்தாவது அணியொன்றும் சேர்க்கப்பட்டது. கிறிஸ்தவரான ஹசாரே அந்த ஏனையோருள் ஒருவர். 1943-44இல் இந்துக்களின் அணிக்கெதிராக ஏனையோர் பெற்ற 387 ஓட்டங்களில் 309 ஹசாரே ஒருவருடையவை. காந்தியடிகள் முதலானோர் கண்டித்த அப்போட்டி 1946இல் நின்றுபோயிற்று. அடுத்த ஆண்டு மார்ச்சில் ரஞ்சிக் கிண்ண இறுதியாட்டத்தில் பரோடா அணிக்காக ஹசாரேயும் குல் முகம்மதுவும் சேர்ந்து 577 ஓட்டங்களைக் குவித்தனர். மதவாரி அணிகளில் எதிரெதிரே நின்றிருக்கவேண்டிய இருவர் ஒரே சமஸ்தானத்தின் பெயரால் ஒன்றாய் ஓடி ஓடி எடுத்த ஓட்டங்கள் அவை. ஐந்து மாதங்களில் நாடு இரண்டாயிற்று. குல் முகம்மது பின்னர் பாகிஸ்தான் சென்று, 1956இல் அந்நாட்டுக்காக ஒரு டெஸ்ட் ஆடினார்.

ஆக, இக்கிண்ணத்திலே ஊருக்கும் மாநிலத்துக்கும் இடமுண்டு, மதத்துக்கு இல்லை. இதனை நாம் சிறிதாக மதிப்பதில்லை. ஆயினும் ஊரின் பெயரால் ஆடிப் பெறும் ஓட்டத்துக்கு இன்று என்ன பெறுமதி? கருண் நாயரின் கதை இதற்குச் சான்று. 2016 டிசம்பரில் சென்னையில் தமது மூன்றாவது டெஸ்டிலேயே இங்கிலாந்துக்கெதிராக ஆட்டமிழக்காது 303 ஓட்டங்கள் பெற்றவர் அவர். அடுத்த டெஸ்டில் அவருக்கு இடமில்லை. 2017 மார்ச்சுக்குப் பின் இந்திய அணியில் அவரைக் காணவில்லை. பின்னர் தாம் வளர்ந்த கருநாடக அணியிலும் இடம் போயிற்று. கிரிக்கெட்டை விளித்து, எனக்கு இன்னுமொரு வாய்ப்புத் தா என்ற பொருளில் 2022 டிசம்பரில் அவர் ஒரு வரி எழுதியபோது எள்ளி நகைத்தோரும் இருந்தனர். அவர் விதர்ப்பாவுக்குச் சென்றார். 2024-25 ஹசாரே கிண்ணத்தில் ஐந்து சதங்களோடு 779 ஓட்டங்கள் பெற்றார், தொடர் முழுவதிலும் இரண்டு முறையே ஆட்டமிழந்தார், சராசரி 389.5. எழுத்துப்பிழை என்று கருதி நாம் இருமுறை பார்த்த எண் அது. இறுதியாட்டத்தில் அவரை வென்றது அவரை வேண்டாமென்ற அதே கருநாடகம். டெஸ்ட் அணிக்கு அவர் மீண்டபோது 2025 ஜூன் ஆகிவிட்டது. எட்டு ஆண்டுகள் என்பது ஒரு துடுப்பாட்டக்காரனின் வாழ்வில் ஏறக்குறைய முழு வாழ்வு. அந்த மீட்சியும் நீடிக்கவில்லை. இங்கிலாந்துப் பயணத்தின் பின் அவருக்கு மீண்டும் இடமில்லாது போயிற்று.

2008இல் தொடங்கிய ஐ.பி.எல். ஏலம் இந்த நிலையைக் கூர்மையாக்கியுள்ளது. மனிதரை ஏலத்தில் விடுதல் என்ற சொல்லே எமது தலைமுறையின் செவிக்கு உறுத்தவேண்டும், உறுத்தாமற் பழகிவிட்டோம். ஆயினும் ஏலத்தை வெறுமனே ஏசிவிட்டு ஒதுங்குவது இடதுசாரிச் சிந்தனையாகாது. சேலத்துச் சின்னப்பம்பட்டியைச் சேர்ந்த தங்கராசு நடராஜனின் தந்தை நெசவுக் கூலியாளர். தாய் தெருவோரத்தில் கோழிக்கடை வைத்திருந்தவர். 2017 ஏலத்தில் பஞ்சாப் அணி அவரை 3 கோடி ரூபாவுக்கு எடுத்தது. 2020-21இல் வலைப்பயிற்சிக்குப் பந்து வீசவென்று அவுஸ்திரேலியா சென்றவர், அப்பயணத்திலேயே மூவகை ஆட்டங்களிலும் இந்தியாவுக்காக அறிமுகமாகித் திரும்பினார். அந்தப் பணம் அக்குடும்பத்துக்கு வந்தது நல்லதா தீயதா என்று கேட்பதற்கு மாதச் சம்பளம் தவறாது பெறுகின்ற எமக்கு உரிமையில்லை. அதே பருவத்தில் கொரோனாத் தொற்றினால் ரஞ்சிக் கிண்ணம் வரலாற்றில் முதன்முறையாக நடைபெறாது போயிற்று. ஏலத்தில் விலைபோகாத வீரர்கள் ஆட்டக் கூலியின்றி இருந்தனர். அதில் பாதியை இழப்பீடாகத் தருவதாகக் கட்டுப்பாட்டுச் சபை அறிவித்தது 2021 செப்டெம்பரில். ஒரே தொழிலில் இருவகைத் தொழிலாளர்.

ஏழைச் சிறுவன் உயர்ந்த கதைகளைப் பத்திரிகைகள் விரும்பி எழுதுகின்றன. யசஸ்வி ஜெய்ஸ்வாலைப் பற்றி எழுதாத பத்திரிகை இல்லை. உத்தரப் பிரதேசத்தின் பதோகி மாவட்டத்திலிருந்து சிறு வயதில் மும்பை வந்தார், ஆசாத் மைதானத்தில் ஆடுகளப் பணியாளரின் கூடாரத்தில் தங்கினார், பானிப்பூரி விற்றார். பின்னர் 2019 ஒக்டோபர் 16ஆந் திகதி, முன்னர் குறிப்பிட்ட ஆலூரிலே, ஹசாரே கிண்ணத்தில் ஜார்க்கண்டுக்கெதிராக 154 பந்துகளில் 203 ஓட்டங்கள் பெற்றார். வயது 17. அங்கீகரிக்கப்பட்ட ஒருநாள் ஆட்டமொன்றில் அத்தனை இளையவர் எவரும் அதற்குமுன் இரட்டைச் சதம் அடித்ததில்லை. அன்று மாலை உயர்தர வகுப்பு மாணவர் சிலர் இச்செய்தியோடு எம்மிடம் ஓடிவந்தனர். முயற்சி திருவினையாக்கும் என்று நாம் சொல்வோம் என எதிர்பார்த்தார்கள் போலும். நாம் வேறொன்று சொன்னோம். அச்சிறுவன் படுத்துறங்கியது கூடாரந்தான். ஆனால் கூடாரத்துக்கு வெளியே பத்தடியில் ஆடுகளம் இருந்தது. அதைச் சுற்றிக் கழகங்கள் இருந்தன. பாடசாலைப் போட்டிகள் இருந்தன. அவரைக் கண்டு தம் வீட்டுக்கு அழைத்துச் சென்ற பயிற்றுநர் இருந்தார். ஒரு நூற்றாண்டுக்கு மேலாக மும்பையில் திரண்ட செல்வம் அது. கூடாரத்தைப் பாடுவோர் ஆடுகளத்தை மறந்துவிடுகிறார்கள். நடராஜன் மறக்கவில்லை, தம் ஊரிலேயே ஓர் ஆடுகளம் அமைத்து 2023இல் திறந்தார். ஓர் ஊருக்கு விளையாடுமிடம் வேண்டுமாயின் அவ்வூர்ப் பிள்ளையொருவன் முதலில் ஏலத்தில் விலைபோகவேண்டும் என்பதுதானா ஏற்பாடு?

இனி அருணாசலப் பிரதேசத்துக்கு வருவோம். உச்ச நீதிமன்றம் லோதா குழுவின் பரிந்துரைகளை 2016இல் ஏற்றதன் விளைவாக, 2018-19இல் ஒன்பது புதிய அணிகள் உள்ளூர்ப் போட்டிகளுக்குள் வந்தன. வடகிழக்கு மாநிலங்கள் பல அவற்றுள் அடங்கும். பீகாரும் ஒன்று, 2000இல் ஜார்க்கண்ட் பிரிந்தபின் அதற்கு இடமில்லாதிருந்தது. புதியவர்கள் வந்தால் தரம் தாழும் என்று அப்போதே சிலர் முணுமுணுத்தனர். பின்தங்கிய பாடசாலையைப் பரீட்சைக்கு அனுப்பாதுவிட்டால் கோட்டத்தின் சித்தி வீதம் உயரும் என்று வாதிக்கும் அதிகாரிகளை நாம் அறிந்திருப்பதால் இந்த முணுமுணுப்பு எமக்குப் புதிதாகப் படவில்லை.

2022 நவம்பர் 21இல் பெங்களூரில் தமிழ்நாடு அருணாசலத்தைச் சந்தித்தது. கோயம்புத்தூர் இளைஞர் நாராயண் ஜெகதீசன் 141 பந்துகளில் 277. தொடர்ச்சியாக ஐந்தாவது சதம். சாய் சுதர்சன் 154. முதல் விக்கெட்டுக்கு 416. தமிழ்நாடு இரண்டு விக்கெட்டுக்கு 506. ஒருநாள் ஆட்டத்தில் ஐந்நூறைக் கடந்த முதல் அணி. எமது மாணவர்கள் தாமே அடித்ததுபோல் மகிழ்ந்தனர். நாமும் மகிழ்ந்தோம், அதை ஏன் ஒளிப்பான்? பிறகு பட்டியலின் கீழ்ப்பகுதியைப் பார்த்தோம். அருணாசலம் 71. ஒரு பந்துவீச்சாளர் பத்து ஓவரில் 114 ஓட்டங்களைக் கொடுத்திருந்தார். அன்று முழுநாளும் பந்தை வேலிக்கப்பாலிருந்து பொறுக்கிக்கொண்டு வந்தவர்களும் இளைஞர்களே. "சேர், அவைக்குப் பழக இடம் ஏதும் இருக்கோ?" என்று கேட்டான் ஒருவன். அவன் வீட்டிலிருந்து மைதானத்துக்கு ஆறு கிலோமீற்றர்.

மூன்றாண்டுகளின் பின், 2025 டிசம்பரில், ராஞ்சியில் அந்த 506ஐயும் கடந்து 574 எடுத்தது பீகார்; தானும் 2018இல் வாசலுக்கு வெளியே நின்று உள்ளே வந்த அதே பீகார். அதன் தொடக்க வீரர் வைபவ் சூரியவன்ஷிக்கு வயது 14. 84 பந்துகளில் 190. முந்திய ஆண்டு ஏலத்தில் பதின்மூன்று வயதில் ஒரு கோடியே பத்து இலட்சம் ரூபா விலை பெற்ற சிறுவன் அவர். எதிரணி இம்முறையும் அருணாசலமே. சூரியவன்ஷியின் ஆட்டத் துணுக்குகள் எமது மாணவர் ஒவ்வொருவரின் தொலைபேசியிலும் இருந்தன. தவணை தொடங்கியதும், முன்பு கேட்ட அதே மாணவன் தேசப்படத்துடன் வந்து அருணாசலப் பிரதேசம் எங்கே என்று காட்டச் சொன்னான். இடாநகரைக் காட்டினோம், சீன எல்லையையும் மலைத்தொடரையும் காட்டினோம். சிறிது நேரம் பார்த்துக்கொண்டு நின்றவன், "அவையின்ரை அடுத்த மட்ச் எப்ப சேர்?" என்று கேட்டான்.