ஸ்கேன் கருவிக்குள் சில அடுக்குகள்... சேலம் கேட்ட ஒரு கேள்வி!

கேஸ் லைட்டரை 'டிக்'கென்று அழுத்தினால் தீப்பொறி வருகிறது. அதில் பேட்டரி இல்லை. உள்ளே இருக்கும் சின்னஞ்சிறு துண்டின் மீது ஓர் அடி விழுகிறது; அந்த அடியே மின்சாரமாக மாறுகிறது. இதற்குப் பெயர் 'பீசோ' மின்விளைவு. 1880-ல் பிரான்ஸைச் சேர்ந்த சகோதரர்கள் ஜாக் கியூரியும் பியர் கியூரியும் கண்டுபிடித்தது.

இது தலைகீழாகவும் நடக்கும். மின்சாரம் கொடுத்தால் அந்தத் துண்டு அதிரும். நொடிக்குப் பல லட்சம் முறை அதிர்ந்தால், காதுக்குக் கேட்காத ஒலி பிறக்கும். ராசிபுரமோ, எடப்பாடியோ... கர்ப்பிணியின் வயிற்றில் வைத்து டாக்டர் நகர்த்தும் 'புரோப்'புக்குள் இருப்பது லைட்டரில் உள்ளதன் நெருங்கிய சொந்தம்தான்.

ஆனால், அதிர்ந்தால் மட்டும் போதாது. அந்தத் துண்டு செராமிக், கல்போலக் கெட்டி. உடலோ கிட்டத்தட்ட தண்ணீர் மாதிரி. இரண்டையும் நேராக ஒட்டவைத்தால், அலையின் சக்தியில் 5-ல் 4 பங்கு எல்லையிலேயே முட்டித் திரும்பிவிடும். நடுவில் துளி காற்று இருந்தால் ஏறக்குறைய எதுவுமே உள்ளே போகாது. 'சில்'லென்று தடவும் ஜெல், அந்தக் காற்றை விரட்டத்தான்.

மீதிப் பிரச்னைக்கு என்ன வழி? நாமக்கல் லாரி டிரைவர்களுக்கு இது எளிதில் புரியும். லோடு வண்டியை முதல் கியரிலிருந்து நேரே டாப் கியருக்குக் கொண்டுபோக முடியாது; நடுவில் கியர் வேண்டும். அதேபோல, செராமிக்குக்கும் தோலுக்கும் இடையே நடுத்தரக் கெட்டித்தன்மையுள்ள மெல்லிய அடுக்கு ஒன்றை வைக்கிறார்கள். அதன் தடிமன், அலை நீளத்தில் கால் பங்கு. அதாவது, ஒரு மில்லிமீட்டரில் 5-ல் 1 பங்கு அளவுக்குத்தான் வரும். பின்பக்கம் இன்னோர் அடுக்கு, அடித்த மணியைக் கையால் பிடிப்பதுபோல அதிர்வை அடக்கும். செராமிக்கையே மெல்லிய தூண்களாக அறுத்து, இடைவெளியில் பிசின் நிரப்பிய கூட்டுப்பொருளும் உண்டு. அது உடலோடு இன்னும் நன்றாக ஒத்துப்போகும்.

அடுக்கு கூடக் கூட, கணக்கும் சிக்கலாகும். ஒவ்வோர் எல்லையிலும் அலை பிரிகிறது. கொஞ்சம் உள்ளே போகும், கொஞ்சம் திரும்பும், திரும்பியது மறுபடி முட்டும். ஒட்டிய இடத்தில் இரண்டு அடுக்குகளும் சேர்ந்தே அசைய வேண்டும். அழுத்தமும் மின்னழுத்தமும் இரு பக்கமும் பொருந்த வேண்டும். செய்து பார்த்துத் தூக்கி எறியாமல், இதையெல்லாம் முன்கூட்டியே சமன்பாட்டில் போட்டுப் பார்ப்பதுதான் மாடலிங். நம் ஊர்க்காரர்களுக்கும் இதில் பங்கு உண்டு. பீசோ கூட்டுப்பொருளாலான உள்ளீடற்ற உருளைகள் எப்படி அதிரும் என்று சென்னை ஐ.ஐ.டி கணிதத் துறையின் ஹெச்.எஸ்.பால், வி.கே.நெல்சன் ஆகியோர் 1996-ல் ஆய்வுகள் வெளியிட்டார்கள்.

கணக்கு சரியாக அமைந்தால் படம் தெளிவாகும். 1955-ல் ஸ்காட்லாந்து டாக்டர் இயன் டொனால்டு, உலோகத்தில் விரிசல் தேடும் கருவியை வைத்துத்தான் இந்த முயற்சியைத் தொடங்கினார். இன்று சிசுவின் இதயக் கோளாறு, இறங்கியிருக்கும் நஞ்சுக்கொடி என்று பலவற்றையும் முன்பே கண்டு உயிர் காக்க முடிகிறது.

ஆனால், படம் தெளிவானபோது வேறொரு கேள்வியும் வந்தது. பெண் சிசுக்கொலைக்காகத் தலைகுனிந்த மாவட்டம் சேலம். 1992-ல் தொட்டில் குழந்தைத் திட்டம் தொடங்கியதும் இங்கேதான். நாமக்கல் அப்போது சேலத்தோடுதான் இருந்தது. பிறந்த பிறகு நடந்த கொடுமையை, பிறக்கும் முன்பே நடத்த ஸ்கேன் வழிகாட்டிவிடும் என்ற அச்சம் வீணானதல்ல. 1994-ல் நாடாளுமன்றம் தடைச் சட்டம் கொண்டுவந்தது. அப்படியும் 2001 கணக்கெடுப்பில், சேலம் மாவட்டத்தில் 6 வயது வரையிலான 1,000 ஆண் குழந்தைகளுக்குச் சுமார் 850 பெண் குழந்தைகளே இருந்தார்கள். 2011-ல் அது 900-ஐத் தாண்டியது. ஆறுதல்தான், ஆனால், முழு நிம்மதி இல்லை.

"பேரனா, பேத்தியானு மட்டும் சொல்லுங்க டாக்டரம்மா" என்று கேட்பது பாட்டிகளுக்குச் சாதாரண ஆசையாகத் தோன்றலாம். பதில் சொல்வது சட்டப்படி குற்றம். முதல்முறை சிக்கினாலே 3 ஆண்டுகள் வரை சிறை.

அலைக்கான சமன்பாட்டில் அடர்த்தி, தடிமன், வேகம், மின்னழுத்தம் எல்லாம் இருக்கின்றன. கிடைத்த படத்தில் எதைத் தேடுவது என்பது மட்டும் அதில் இல்லை. அது நம் வீட்டில் முடிவாகிறது. முடி அளவு தடிமனுக்கெல்லாம் கணக்குப் போட்டு அடுக்கியிருக்கிறார்கள். "கொழந்தை நல்லா இருக்குதுங்களா?" என்ற ஒரு கேள்விக்கு, அவ்வளவு உழைப்பும் தகும்.