முட்டுக் கொடுக்கும் வேலை

'முட்டுக் கொடுக்கிறான்' என்பது இணையத்தில் கேலிச் சொல்லாகிவிட்டது. புழலிலும் செங்குன்றத்திலும் எங்கள் தெருக்காரர்களுக்கு அதுதான் தினக்கூலி. சென்ட்ரிங் என்றால் என்னவென்று கல்லூரித் தோழர்கள் பலருக்குத் தெரியவில்லை. அதனால் கொஞ்சம் விளக்கமாகவே எழுதுகிறோம்.

தளம் போடும் முன் கான்கிரீட்டைத் தாங்க அடியில் ஒரு தற்காலிகத் தளம் வேண்டும். முன்பெல்லாம் மரப்பலகை, தகரச் சீட்டு, சவுக்குக் கம்பு. இப்போது ஜிஎன்டி சாலையோரம் எழும் குடோன்களிலும் அடுக்குமாடிகளிலும் ஃபிலிம் ஒட்டிய பிளைவுட் வந்துவிட்டது. பழுப்பு நிறத்தில் வழவழவென்று இருக்கும். எட்டடிக்கு நாலடி, 12 அல்லது 18 மில்லி கனம். மேலே ஒட்டியிருப்பது பினாலிக் பிசின் ஏற்றிய தாள். அதனால் தண்ணீர் இறங்காது, கான்கிரீட்டும் ஒட்டாது. 18 மில்லி பலகை ஒன்று ஏறக்குறைய 35 கிலோ. அதை மூன்றாம் மாடிக்கு ஏற்றுவதில் ஒரு கை சித்தாளுடையது, பெரும்பாலும் நம் சேரிப் பெண். கூலி மட்டும் ஆணைவிடக் குறைவு.

பலகையின் ஆயுள் ஓரத்தில் இருக்கிறது. அறுத்த ஓரத்துக்கு பெயின்ட் அடிக்காமல் விட்டால் தண்ணீர் ஏறி அடுக்கு அடுக்காகப் பிரிந்துவிடும். இரண்டு பலகை சேரும் இடத்தில் டேப் ஒட்டாவிட்டால் சிமென்ட் பால் ஒழுகும். ஜாக்கி நேர்க்குத்தாக நிற்க வேண்டும். மழை பெய்த மண்ணில் அடிப்பலகை கொடுக்காமல் நிறுத்தினால் பாரம் ஏறும்போது இறங்கிவிடும். இத்தனையும் தெரிந்த எங்கள் சித்தப்பாக்களுக்கு சைட்டில் பெயர் 'லேபர்'. பூச்சு வேலையே தேவைப்படாத அளவுக்கு வழவழப்பாகத் தளம் இறக்கிக் கொடுத்த வீட்டில், கிரகப்பிரவேசத்துக்குப் பிறகு தண்ணீர் கேட்டால் வாசலில் நிற்க வைத்துத்தான் கொடுக்கிறார்கள்.

ஆபத்து பலகையை அடிப்பதைவிடப் பிரிப்பதில் அதிகம். ஐஎஸ் 456 என்ற இந்தியத் தரநிலை, சாதாரண சிமென்டுக்குக் கணக்கு சொல்லியிருக்கிறது. தளத்தின் இடைவெளி நாலரை மீட்டருக்குள் என்றால் முட்டு 7 நாள் நிற்க வேண்டும், அதற்கு மேல் 14 நாள். ஆறு மீட்டரைத் தாண்டிய பீமுக்கு 21 நாள். ஆனால் பிளைவுட் வாடகை நாள் கணக்கில் ஓடுகிறது. அடுத்த சைட் அதே பலகைக்குக் காத்திருக்கிறது.

ஒரு குடோன் வேலையில் ஐந்து மீட்டர் தளம். ஐந்தாம் நாளே ஜாக்கியை எடுக்கச் சொன்னார் கான்ட்ராக்டர்.

"அண்ணே, இன்னும் பதினாலு நாள் ஆகலியே."

"நீ என்ன இன்ஜினியரா?"

நாங்கள் ஏறவில்லை. அன்றோடு வேலை போனது. நிறுத்தி வைத்த இரண்டு நாள் கூலியை இருபது பேர் அவர் வீட்டு முன் நின்றுதான் வாங்கினோம். மறுநாள் ஷெட்டில் தங்கியிருந்த வடமாநிலப் பையன்களை வைத்துப் பிரித்துவிட்டார். தளம் நின்றது, உண்மைதான். அது அந்தப் பையன்களின் அதிர்ஷ்டம்.

எல்லோருக்கும் அந்த அதிர்ஷ்டம் இல்லை. 2014 ஜூன் 28 அன்று மௌலிவாக்கத்தில் 11 மாடிக் கட்டடம் சரிந்து 61 பேர் இறந்தார்கள். அடுத்த வாரமே, நம் செங்குன்றம் அருகே குடோன் சுவர் விழுந்து, பக்கத்துக் குடிசைகளில் தூங்கிய ஆந்திரத் தொழிலாளர்கள் 11 பேர் இறந்தார்கள். 2025 செப்டம்பர் 30 அன்று எண்ணூர் அனல்மின் நிலையக் கட்டுமானத்தில் 9 பேர். அவர்கள் அசாமிலிருந்து வந்தவர்கள். காரணங்கள் வேறு வேறு, செத்தவர்கள் மட்டும் எப்போதும் தினக்கூலிகள். 'வடக்கன் வந்து வேலையைப் பறிக்கிறான்' என்று நம் பிள்ளைகளே பேசுவது எங்களுக்கு எரிச்சலாக இருக்கிறது. நாம் மறுத்த ஜாக்கிக்குக் கீழே நிற்க வைக்கப்பட்டவன் அவன்.

தமிழ்நாட்டில் கட்டுமானத் தொழிலாளர் நல வாரியம் 1994-லேயே வந்துவிட்டது. கட்டடச் செலவில் ஒரு சதவீதம் இதற்கென்று வசூலாகிறது. பதிவு இல்லாதவர் செத்தால் குடும்பம் அலுவலகம் அலுவலகமாக அலைய வேண்டும். பதிவு இப்போது இணையத்தில். எங்கள் சித்தாள் அக்காக்களில் பலருக்குப் பட்டன் போன்தான். ஞாயிற்றுக்கிழமை காலை ஆறரைக்குக் காவாங்கரையில் ஆட்கள் நிற்கும் இடத்துக்கு வாருங்கள், தோழர்களே. காகிதங்களை அவர்கள் கொண்டு வருவார்கள். டைப் அடிக்கத்தான் ஆள் இல்லை.