ஒருவர் தலையில் ஒரு நாடு

1930 டிசம்பர். ஸ்டாக்ஹோம் நகரில் நோபல் பரிசு விழா. இயற்பியல் பரிசு வாங்க மேடையில் அமர்ந்திருந்தவர் சி. வி. ராமன், ஸ்ரீரங்கம் இருக்கும் அதே தீவில், திருவானைக்காவலில், 1888ஆம் ஆண்டு பிறந்தவர். திரும்பிப் பார்த்தபோதுதான் தாம் எந்தக் கொடியின் கீழ் உட்கார்ந்திருக்கிறோம் என்பது அவருக்குத் தெரிந்தது. அது பிரிட்டிஷ் கொடி. தன் நாட்டுக்கென்று சொந்தமாக ஒரு கொடிகூட இல்லையே என்ற எண்ணத்தில் அந்த இடத்திலேயே உடைந்துபோனதாக அவரே பிற்பாடு சொல்லியிருக்கிறார்.

வாழ்நாளின் ஆகப் பெரிய கௌரவம் கைக்கு வந்த நாளிலும் நாட்டை நினைத்து ஒரு மனிதர் குன்றிப்போயிருக்கிறார். எல்லையைத் தாண்டிவிட்டால் யாரும் தனி ஆளாக இருக்க முடிவதில்லை. பிறந்த நாட்டின் பெயர் தலையில் ஏறிக்கொள்கிறது. பெருமை வந்தாலும் அதன் வழியாக வருகிறது, அவமானம் வந்தாலும் அதன் வழியாகவே வருகிறது. ராமன் போன்ற மேதைக்கு அது மனத்தில் தைத்த முள். கூலி வேலைக்குப் போகிறவருக்கோ மாதச் சம்பளத்தையே நிர்ணயிக்கும் விஷயம்.

திருச்சிக்கு இது நன்றாகத் தெரியும். சிங்கப்பூர், கோலாலம்பூர், கொழும்பு, துபாய், ஷார்ஜா என்று இங்கிருந்து நேரடி விமானங்கள் பறக்கின்றன. ஸ்ரீரங்கத்துக் கோபுர வண்ணங்களைப் பூசிக்கொண்டு நிற்கும் புதிய முனையத்தை 2024 ஜனவரி 2 அன்று பிரதமர் திறந்துவைத்தார். ஆண்டுக்கு 44 லட்சம் பேர் வந்துபோகலாம் என்று கட்டப்பட்டது. அதன் வாசலில் புதுக்கோட்டை, அறந்தாங்கி, பட்டுக்கோட்டைப் பக்கத்து வேன்கள் வந்து நிற்கும். கயிறு சுற்றிய அட்டைப்பெட்டிகளில் மார்க்கர் பேனாவால் பெயர், ஊர், போன் நம்பர் எழுதியிருக்கும். வழியனுப்ப வந்த குடும்பம் கண்ணாடிக் கதவோடு நின்றுவிட, பெரியவர் ஒருவர் கடைசியாகச் சொல்லி அனுப்புவார்: “பாத்து நடந்துக்கப்பா தம்பி. நம்மால நம்ம ஆளுங்களுக்குக் கெட்ட பேரு வந்துறக் கூடாது.”

முதல்முறை விமானம் ஏறும் இருபத்திரண்டு வயதுப் பையனின் தலையில் வீட்டுக் கடன் இருக்கிறது, தங்கை கல்யாணம் இருக்கிறது. அவற்றோடு ஒரு தேசத்தின் பெயரையும் ஏற்றி அனுப்புகிறோம். சொல்கிறவர் நல்ல மனத்தோடுதான் சொல்கிறார். ஆனால் அந்தச் சொல்லுக்குப் பின்னால் இருக்கும் பயம் பழைய பயம்.

அது தொடங்கிய இடங்களுள் ஒன்று திருச்சியே. இலங்கைத் தோட்டங்களுக்கு ஆள் திரட்டுவதற்காக அங்கிருந்த தோட்ட முதலாளிகள் 1904இல் ஏற்படுத்திய இலங்கைத் தொழிலாளர் ஆணையத்துக்குத் தலைமை அலுவலகம் இந்த ஊரில்தான் இருந்தது. கங்காணிகள் கிராமம் கிராமமாகப் போய் ஆள் சேர்த்தார்கள். சேர்ந்தவர்கள் மண்டபம் வழியாகக் கடல் கடந்தார்கள். எந்தத் தோட்டத்துக்குப் போகிற ஆள் என்பதைக் காட்ட, எண் பொறித்த தகர வில்லை ஒன்றைக் கழுத்தில் தொங்கவிட்டார்கள். வழிச்செலவை எந்தத் தோட்டத்தின் கணக்கில் எழுதுவது என்று பார்க்க அது வசதியாக இருந்தது. போகிறவரின் பெயரைவிட அந்த எண்ணுக்கே அங்கே மதிப்பு.

தகர வில்லை கழுத்தில் தொங்கியது. முத்திரைகள் அதைவிட ஆழமாகப் பதிந்தன. மலாயாத் தோட்டத் துரைமார்கள் தமிழரைப் பணிவானவர் என்றார்கள். சீனரைக் கடும் உழைப்பாளி, ஆனால் வம்புக்காரர் என்றார்கள். மலாய்க்காரரைச் சோம்பேறி என்றார்கள். மலேசிய அறிஞர் சையத் உசேன் அலாத்தாஸ் 1977இல் வெளியிட்ட நூலில் இந்தக் கடைசி முத்திரையை எடுத்து அலசினார். துரைமாரின் தோட்டத்தில் அவர்கள் நிர்ணயித்த கூலிக்கு வேலை செய்ய மலாய்க்காரர்கள் மறுத்தார்கள். தங்கள் வயலிலும் கடலிலும் உழைத்துக்கொண்டிருந்தார்கள். மறுத்ததற்குக் கிடைத்த பட்டமே சோம்பேறி என்று அவர் காட்டினார். தமிழருக்குக் கிடைத்த “பணிவு” என்ற நற்சான்றும் இதே கணக்கில் வந்ததுதான். எதிர்த்துக் கேட்காதவர் என்று ஒருவரைப் புகழ்ந்தால், குறைந்த கூலிக்கு அவரைப் பிடித்துவைக்கலாம்.

இது ஏதோ நூறு வருஷத்துக் கதை என்று ஒதுக்க முடியாது. வளைகுடாவிலிருந்து ஊர் திரும்பியவர்களிடம் பேசிப் பாருங்கள். ஒரே வேலைக்கு ஒரு பாஸ்போர்ட்டுக்கு ஒரு சம்பளம், இன்னொரு பாஸ்போர்ட்டுக்கு வேறு சம்பளம் என்பதைச் சாதாரணமாகச் சொல்வார்கள். வீட்டு வேலைக்குப் போகும் தன் நாட்டுப் பெண்களுக்கு மாதம் 400 டாலராவது தர வேண்டும் என்று பிலிப்பைன்ஸ் அரசு 2006 முதல் நிபந்தனை வைத்தது. இந்திய அரசோ வளைகுடாவுக்குச் செல்லும் தொழிலாளருக்குத் தானே நிர்ணயித்திருந்த குறைந்தபட்ச ஊதியத்தை, 2020 செப்டம்பரில், பெருந்தொற்றுக் காலத்தில், 30 முதல் 50 சதவீதம் வரை குறைத்தது. வேலைவாய்ப்பு கைநழுவிப் போய்விடக் கூடாது என்பது சொல்லப்பட்ட காரணம். எதிர்ப்பு எழுந்து, 2021 ஜூலையில் பழைய நிலைக்குத் திரும்பியது. இதற்கிடையில் கத்தார், எந்த நாட்டுக்காரராக இருந்தாலும் அடிப்படைச் சம்பளம் 1,000 ரியாலுக்குக் குறையக் கூடாது என்ற சட்டத்தை 2021 மார்ச்சில் நடைமுறைக்குக் கொண்டுவந்தது. நாட்டின் மானம் என்று பேசுகிறவர்கள் பார்க்க வேண்டிய இடம் இதுதான். வெளியே போகிற குடிமகனின் உழைப்புக்கு நாடு என்ன விலை கேட்கிறது, அந்த விலையில் எவ்வளவு உறுதியாக நிற்கிறது என்பதில் இருக்கிறது அந்த மானம்.

2013 டிசம்பர் 8, ஞாயிற்றுக்கிழமை இரவு. சிங்கப்பூரின் லிட்டில் இந்தியாவில், ரேஸ் கோர்ஸ் சாலையில், தங்குவிடுதிக்குத் திரும்பும் பேருந்தின் சக்கரத்தில் சிக்கி 33 வயதுத் தொழிலாளி ஒருவர் இறந்தார். புதுக்கோட்டை மாவட்டத்துக்காரர். கூடியிருந்தவர்களில் சில நூறு பேர் கொதித்துப்போய்க் கல்லெறிந்தார்கள், வண்டிகளுக்குத் தீ வைத்தார்கள். 1969க்குப் பிறகு சிங்கப்பூர் கண்ட முதல் கலவரம் அது. 25 பேர் மீது வழக்கு. 57 பேர் நாட்டைவிட்டு அனுப்பப்பட்டார்கள். இந்தச் சம்பவத்தை வைத்து வெளிநாட்டுத் தொழிலாளர் எல்லோரையும் தவறாக எண்ணிவிடக் கூடாது என்று பிரதமர் லீ சியென் லூங் மக்களைக் கேட்டுக்கொண்டார். ஓய்வுபெற்ற நீதிபதி ஜி. பன்னீர்செல்வம் தலைமையிலான விசாரணைக் குழு, விபத்து குறித்த தவறான புரிதலும் மதுவும் சேர்ந்து கலவரத்தை மூட்டின என்று கண்டது.

அன்றிரவு கல்லெறியாதவர்கள் பல லட்சம் பேர். மறுநாள் காலை வேலைக்குப் போனபோது அவர்களும் தலைகுனிந்துதான் போயிருப்பார்கள். கலவரக்காரன் செய்தது கலவரக்காரனுக்கு. அந்த நாட்டில் பல வருஷம் ஒழுங்காக வெல்டிங் செய்து, வீட்டுக்குப் பணம் அனுப்பிக்கொண்டிருப்பவர் எதற்காகக் கூச வேண்டும்?

2020இல் பெருந்தொற்று சிங்கப்பூரின் தொழிலாளர் விடுதிகளுக்குள் பரவியபோது, தொழிலாளரின் சுத்தமில்லாத பழக்கங்களே காரணம் என்று அங்குள்ள சீன மொழி நாளிதழில் ஒரு வாசகர் கடிதம் வந்தது. அது இனவெறுப்பு என்று அமைச்சர் கா. சண்முகம் வெளிப்படையாகவே கண்டித்தார். ஓர் அறையில் பன்னிரண்டு பேர், பதினைந்து பேர் என்று படுத்தால் எந்த நாட்டுக்காரருக்கும் தொற்று வரும். அந்த ஆண்டு முடிவதற்குள் விடுதிவாசிகளில் கிட்டத்தட்டப் பாதிப் பேரை நோய் தொட்டுவிட்டது. அறையின் நெரிசல் கண்ணுக்குப் படவில்லை, படுத்திருந்தவரின் தேசம்தான் பட்டது.

இதற்கு எதிர்ப்பக்கமும் உண்டு. மன்னார்குடி அருகே துளசேந்திரபுரம், கமலா ஹாரிஸின் தாய்வழித் தாத்தா பி. வி. கோபாலனின் ஊர். 2021 ஜனவரியில் கமலா அமெரிக்கத் துணை அதிபராகப் பதவியேற்றபோது அந்தச் சிற்றூர் வெடி வெடித்துக் கொண்டாடியது. 2024 தேர்தலின்போது அங்குள்ள கோயிலில் சிறப்பு வழிபாடு நடந்தது. 2023இல் யாழ்ப்பாண வேர் கொண்ட தர்மன் சண்முகரத்னம் 70 சதவீதத்துக்கு மேல் வாக்குகள் பெற்றுச் சிங்கப்பூர் அதிபரானபோது நம் பத்திரிகைகள் “தமிழர்” என்று தலைப்பிட்டு மகிழ்ந்தன. மகிழ்வதில் தவறே இல்லை. ஆனால் அதிபரானவர் நம்மவர் என்று உரிமை கொண்டாடுகிற அதே வாய், கலவரத்தில் பிடிபட்டவரைப் பற்றிப் பேசும்போது “மானத்த வாங்கிட்டானுங்க” என்று விலகிக்கொள்கிறது. அவர்கள் உயர்ந்ததில் நம் பங்கு எதுவும் இல்லை. இவர்கள் ஏன் கடன்பட்டு ஏஜெண்டுக்குப் பணம் கட்டிப் போக வேண்டியிருந்தது என்பதில் நம் பங்கு நிறைய இருக்கிறது.

திருச்சிக்கு வந்து சேர்ந்தவர்களை நாம் எப்படி நடத்துகிறோம் என்பதையும் கேட்டுக்கொள்ள வேண்டும். தில்லைநகர் ஓட்டல் சமையற்கட்டிலும், ஊரைச் சுற்றி எழும் அடுக்குமாடிகளின் சாரத்திலும் பீகார், ஒடிசா, வங்காளத்து இளைஞர்கள் வேலை செய்கிறார்கள். அத்தனை பேருக்கும் சேர்த்து நாம் வைத்திருக்கும் பெயர் “வடக்கன்”. அழுக்கு, பான்பராக், திருட்டு என்று சிங்கப்பூரில் நம்மைப் பற்றிச் சொன்னால் நெஞ்சு வேகும் அதே சொற்களை இங்கே தேநீர்க் கடையில் கூசாமல் சொல்கிறோம். 2023 மார்ச்சில், தமிழ்நாட்டில் பீகார் தொழிலாளர்கள் தாக்கப்படுவதாகப் பொய்க் காணொளிகள் பரவின. பீகார் அரசு குழு அனுப்பி விசாரித்தது. அவை போலி என்று தெரிந்தது. அப்போது ஒட்டுமொத்தத் தமிழரையும் வன்முறையாளராகச் சித்தரிக்கிறார்களே என்று கொதித்தோம். அந்தக் கொதிப்பு நியாயமானது. ஒட்டுமொத்த முத்திரை எப்படி வலிக்கும் என்று அந்த ஒரு வாரத்தில் தெரிந்துகொண்டோம்.

விமான நிலையத்துக்கு அருகிலேயே இருக்கிறது கொட்டப்பட்டு இலங்கைத் தமிழர் முகாம். அங்கே வாழும் பெண் ஒருவர் 1986இல் மண்டபம் முகாமில் பிறந்தவர். 1950 ஜனவரி 26க்கும் 1987 ஜூலை 1க்கும் இடையே இந்திய மண்ணில் பிறந்தவர் பிறப்பாலேயே குடிமகர் என்கிறது குடியுரிமைச் சட்டம். அப்படியிருந்தும் பாஸ்போர்ட் கேட்டபோது அவருக்கு மறுக்கப்பட்டது. அவர் வழக்குப் போட்டார். உயர்நீதிமன்ற மதுரைக் கிளை 2022 ஆகஸ்டில் அவருக்குப் பாஸ்போர்ட் வழங்க உத்தரவிட்டது. 2024 ஏப்ரல் 19 அன்று, தம் 38ஆம் வயதில், அவர் முதல்முறையாக வாக்களித்தார். அகதி என்ற ஒரு சொல் அவருடைய பிறந்த தேதியைக்கூடப் பார்க்கவிடாமல் மறைத்துக்கொண்டிருந்தது. அவரைப் போலவே இந்த நாட்டு மண்ணில் பிறந்து, 1987க்குப் பிறகு பிறந்ததால் சட்டத்துக்கு வெளியே நிற்கிறவர்கள் முகாம்களில் இன்னும் இருக்கிறார்கள்.

அந்நியரை வேறு விதமாகப் பார்க்க இந்த மண்ணுக்குத் தெரியாமல் இல்லை. 1323இல் டெல்லிப் படை ஸ்ரீரங்கத்தைச் சூறையாடியது. உற்சவர் நம்பெருமாளைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராக ஓடினார்கள். திரும்பி வந்து சேர 1371 ஆனது. அந்த ரணம் ஆறாத ஊரில்தான், பெருமாள் மேல் காதல்கொண்டு டெல்லியிலிருந்து பின்னாலேயே வந்த சுல்தான் மகளின் கதை வேர்விட்டது. துலுக்க நாச்சியார் என்று அவளுக்குக் கோயிலுக்குள்ளேயே சந்நிதி கொடுத்தார்கள். அவள் நினைவாகப் பெருமாளுக்கு ரொட்டியும் வெண்ணெயும் அமுது செய்விக்கும் வழக்கம் இன்றும் இருக்கிறது. கைலி சாத்தும் வழக்கமும் உண்டு. படையெடுத்து வந்தவன் வேறு, அதே நாட்டிலிருந்து அன்பாக வந்தவள் வேறு என்று பிரித்துப் பார்க்க அந்தத் தலைமுறைக்குத் தெரிந்திருந்தது. அடிபட்டவர்களே அப்படிப் பார்த்தார்கள் என்பது அந்த ஊருக்குக் கோபுரத்தைவிடப் பெரிய பெருமை.

வெளிநாட்டில் நம் பிள்ளைக்கு மரியாதை வேண்டும் என்று கேட்கிற உரிமை நமக்கு முழுமையாக இருக்கிறது. அதைக் கேட்கிற குடும்பங்கள் இங்கேயும் சிலவற்றைச் செய்ய வேண்டும். பக்கத்துத் தெருவில் வீடு கட்டும் ஒடிசாக்காரருக்கு உள்ளூர்க் கொத்தனாருக்குக் கொடுக்கும் அதே கூலியைக் கொடுக்கச் சொல்லுங்கள். அவர் பெயரைக் கேட்டு, பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள். வீடு வாடகைக்குக் கேட்டு வருகிறவரை மாநிலம் பார்த்துத் திருப்பி அனுப்பாதீர்கள். வாக்குக் கேட்டு வாசலுக்கு வரும் வேட்பாளரிடம், கொட்டப்பட்டில் பிறந்து வளர்ந்த பிள்ளைகளுக்குக் குடியுரிமை எப்போது என்று தவறாமல் கேளுங்கள்.